உப்புப் போடாத சோறு

வியாழக்கிழமை மத்தியானம் முன்பின் தெரியாத ஒருவன் வாசலில் வந்து நின்று, என் கணவரின் காலில் அரிசி மூட்டைகள் சரிந்துவிட்டன என்றான். ரங்கூனுக்கு அக்கரையில், டாலாவில் ஒரு அரிசி மில்லில் கிடத்தியிருக்கிறார்கள், உடனே வரச் சொன்னார் என்றான். நான் அடுப்பைக்கூட அணைக்காமல் அவனோடு கிளம்பினேன். சம்பான் படகில் ஆற்றைக் கடக்கும்போது கால் தப்புமா தப்பாதா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். அவன் வெற்றிலை மென்றபடி தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தான். டாலாக் கரையில், மூடிக்கிடந்த ஒரு மில்லின் பின்னால் இருந்த சாக்குக் கிடங்குக்குள் என்னைத் தள்ளினான். அப்போதுதான் மூட்டை எதுவும் சரியவில்லை என்பது விளங்கியது.

அவன் பெயர் வீரப்பன். கூலிகளைக் கட்டி மேய்க்கும் பெரிய மேஸ்திரியின் ஆள். இரண்டு வாரத்துக்கு முன், கப்பலில் மூட்டை ஏற்றும் ஜெட்டியில் மாரிச்சாமி என்ற மூட்டைக்காரர் இறந்துபோனார். கால் வழுக்கி ஆற்றில் விழுந்தார் என்று மேஸ்திரியின் கூலிகள் ஒரே வாயாகச் சொன்னார்கள். மேஸ்திரி சாக்குக் கொக்கியால் அவரைக் கழுத்தில் அடித்துத் தள்ளியதைப் பார்த்தேன் என்று சொன்னவர் மூட்டை எண்ணும் கிராணியான என் கணவர் ஒருவர்தான். திங்கட்கிழமை கோர்ட்டில் அதை அவர் சொல்ல வேண்டியிருந்தது.

"உன் புருசன் அன்னிக்கு ஒருநாள் குருடனா இருந்தாப் போதும். சாயங்காலமே வீட்டுல விட்டுடுவோம்" என்றான் வீரப்பன். இல்லாவிட்டால் என்ன என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கிடங்கின் முன்கதவில் துருப்பிடித்த பூட்டு ஒன்று வெளியே தொங்கியது. பார்க்கிறவர்களுக்கு ஆளில்லாத இடம். ஆற்றுப் பக்கம் இருந்த பலகைக் கதவு வழியாகத்தான் வருவதும் போவதும். எனக்குக் காவலாகக் கருப்பையா என்பவனை வைத்தார்கள். நாற்பது வயது இருக்கும். ஊரிலிருந்து கப்பலேறி வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. மடியில் ஒரு சாக்குக் கொக்கியை வைத்துக்கொண்டு பலகைக் கதவை அடைத்தாற்போல் உட்கார்ந்திருப்பான். மூட்டையைக் குத்தித் தூக்கும் அந்தக் கொக்கியின் வளைவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மாரிச்சாமியின் கழுத்து நினைவுக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை அவன் பொங்கிப் போட்ட சோற்றிலும் பருப்பிலும் உப்பே இல்லை. மறந்துவிட்டான் என்று நினைத்தேன். மறுவேளையும் அப்படித்தான். ஆனால் தன் தட்டில் மட்டும் ஒரு சிரட்டையிலிருந்து உப்பு எடுத்துத் தூவிக்கொண்டான்.

"அண்ணே, எனக்கும் கொஞ்சம் உப்பு" என்று கை நீட்டினேன். சிரட்டையைத் தனக்குப் பின்னால் நகர்த்தி வைத்தான். "அண்ணேன்னு கூப்பிடாதே. உப்பும் கேக்காதே" என்றான்.

காரணம் சனிக்கிழமை காலையில் தெரிந்தது. வீரப்பன் வந்து வெளியே நின்றபடியே விசாரித்தான். பலகை இடுக்கு வழியாக ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது.

"அவளுக்கு உப்புப் போட்டியாடா?"

"போடல."

"போட்டுடாதே. கிராணி என்ன செய்வான்னு நாளன்னிக்குத்தான் தெரியும். வேலை உன் கையிலதான் வரும்."

உப்பிட்ட வீட்டுக்குத் துரோகம் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மேஸ்திரியின் ஆட்கள் அதை மறுபக்கமும் நம்பினார்கள். தன் கையால் யாருக்கு உப்பிட்டானோ அவர்மேல் ஒருவன் கையை ஓங்கினால் அந்தக் கை அழுகிப்போகும். ஆகவே என்னைக் கொல்ல வேண்டி வந்தால் இடைஞ்சல் இருக்கக் கூடாதென்று எனக்குச் சப்பென்று சமைக்கிறார்கள்.

அதற்குப் பிறகு சோற்றைப் பார்க்கவே என்னால் முடியவில்லை. தட்டில் அது வெள்ளையாக ஆவி விட்டுக்கொண்டிருக்கும். எனக்குப் பல் கிட்டிக்கும். மத்தியானம் வைத்ததை அப்படியே தள்ளிவிட்டேன். கருப்பையா தட்டையும் என்னையும் பார்த்தான். சற்றுப் பொறுத்து, ஆற்றோரமாகக் கூடை சுமந்து போன ஒரு பர்மாக்காரியைக் கூப்பிட்டு ஏதோ வாங்கிவந்தான். இலைப் பொட்டலத்தை முகத்திலிருந்து எட்டப் பிடித்திருந்தான்.

"ரங்கூன்ல பொறந்தவங்க இதை வச்சுத்தான் திம்பீங்களாமே. என்ன நாத்தம்டா சாமி" என்று என் முன்னால் போட்டான்.

ஞாப்பி. உப்பில் ஊறிய மீனை இடித்துச் செய்யும் விழுது. ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் யாரும் அதைத் தொடுவதில்லை. ஒரு விரல் எடுத்து நாக்கில் வைத்தேன். இரண்டு நாளாக மரத்துக் கிடந்த நாக்கில் உப்பு சுரீரென்று ஏறியது. அழுதுகொண்டே முழுச் சோற்றையும் தின்று முடித்தேன். அதன் பிறகுதான் சொன்னேன்.

"அண்ணே, இதுல பாதிக்குப் பாதி உப்பு."

அவன் வெறும் இலையைப் பார்த்தான். பிறகு தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். அதை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"வீரப்பன்கிட்ட சொல்லிப்புடாதே, தாயி" என்றான் கடைசியில்.

சொல்லமாட்டேன் என்று அவன் தலையிலடித்துச் சத்தியம் செய்யக்கூட நான் தயாராக இருந்தேன்.

கருப்பையா அண்ணனுக்குத் தெரியாமல் நடந்ததா, தெரிந்துதான் செய்தாரா? இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. அன்றைக்கு, தெரிந்தேதான் செய்தார் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். ஒருவர் என்னைக் கொல்லாமல் விடப்போகிறார் என்பதற்காக என் நெஞ்சில் அவ்வளவு அன்பு சுரந்தது. என்னை இங்கே அடைத்து வைத்திருப்பதும் அவர்தான் என்பது எங்கோ பின்னால் போய்விட்டது. அதன்பின் வெளியே காலடிச் சத்தம் கேட்டால் இருவரும் ஒன்றாகத் திடுக்கிட்டோம். வீரப்பன் வந்தால், அவர் பொய் சொல்லி மாட்டிக்கொள்வாரோ என்று பலகை இடுக்கில் காதை வைத்துக்கொண்டு கேட்டேன். அவர் சட்டையில் விட்டுப்போயிருந்த தையலைச் சாக்கு ஊசியால் தைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொள்ள அவர் வலது கையை நீட்டினார். எனக்கு அது சொந்த அண்ணனின் கைபோல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சங்கு ஊதிக் கொஞ்ச நேரத்தில், மில்லின் முன்பக்கம் ஆள் சத்தம் கேட்டது. கதவுகளைத் தட்டிக்கொண்டு வந்தார்கள். முதலில் ஒரு பெண்ணின் குரல். மாரிச்சாமியின் மனைவி காளியம்மா. "தாயி, உள்ளே இருக்கியா? இருந்தா ஒரு சத்தம் குடு" என்று ஒவ்வொரு கதவிலும் கேட்டாள். பூட்ஸ் காலோசையும் கேட்டது. சம்பான்காரர்களை விசாரித்து, போலீஸ்காரர் ஒருவரையும் கூட்டி வந்திருக்கிறாள் போலிருந்தது.

பிறகு என் கணவரின் குரல்.

"அம்சா!"

மணமாகி நான்கு வருடத்தில் அவர் பிறர் முன்னால் என் பெயரைச் சொன்னதில்லை. வீட்டிலும் "இந்தா" என்றுதான் கூப்பிடுவார். இப்போது போலீஸ்காரருக்கும் வழியில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி, தொண்டை கிழிய, அம்சா, அம்சா என்று கத்திக்கொண்டு வந்தார்.

எங்கள் கதவு அதிர்ந்தது. துருவேறிய பூட்டு பலகையில் மோதிக் குலுங்கியது. அவர் மூச்சு வாங்குவதுகூட எனக்குக் கேட்டது. நடுவில் இருந்தது ஒரு பலகை.

கருப்பையா அண்ணன் என் வாயைப் பொத்தவில்லை. கொக்கி மூன்று முழத் தொலைவில் தரையில் கிடந்தது. அதை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நிச்சயம் கத்தியிருப்பேன். அவர் இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு, உதடு துடிக்க, என்னைப் பார்த்தபடி இருந்தார். கத்தினால் இவரைத்தான் பிடிப்பார்கள், மேஸ்திரி தப்பிவிடுவான், இவரைத் தூக்கில் போடுவார்கள் என்று எண்ணினேன். இல்லை, அப்படியெல்லாம் எண்ணியதாகப் பிற்பாடுதான் சேர்த்துக்கொண்டேன். அந்த நேரத்தில் எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிந்தது. எனக்கு நல்லது செய்த மனிதர் பயப்படுகிறார்.

முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். நானேதான் திணித்துக்கொண்டேன்.

"பூட்டியிருக்கு. வருசக்கணக்கா யாரும் திறக்கல" என்று வெளியே யாரோ இந்துஸ்தானியில் சொன்னார்கள். காலடிகள் அடுத்த கதவுக்குப் போயின. அதற்கடுத்ததற்கும் போயின. என் பெயர் ஆற்றங்கரையோடு தேய்ந்துகொண்டே போயிற்று.

சத்தம் முழுதும் அடங்கிய பின்னும் கருப்பையா அண்ணன் என் பக்கம் வரவில்லை. எதிர்ச்சுவரில் போய் ஒட்டி உட்கார்ந்தார். நான் ஏதோ பேய் பிடித்தவள்போல என்னைப் பார்த்தார். அன்று மாலையும் மறுநாளும் அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பேச்சுக் கொடுத்தாலும் தலையைத் திருப்பிக்கொண்டார். வீரப்பனைவிட அந்த மௌனம் எனக்கு அதிகப் பயத்தைத் தந்தது.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு வீரப்பன் சிரித்துக்கொண்டே வந்தான்.

"குழந்தைவேலு கிராணிக்குக் கண்ணு சரியில்லையாம். அன்னிக்குப் பனி வேற இருந்துச்சாம். மாசி மாசத்து உச்சிவெயில்ல பனி! நீதிபதியே எழுதறதை நிறுத்திட்டுப் பார்த்தாரு."

கருப்பையா அண்ணன்தான் என்னைச் சம்பானில் அழைத்துப் போனார். ஆற்றில் உமி மிதந்து போய்க்கொண்டிருந்தது. எதிர்க்கரை நெருங்கும்போது அவர் வாயைத் திறந்தார்.

"ஏன் கத்தல?"

  அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நான் இறங்கி முடிப்பதற்குள் படகைத் திருப்பச் சொல்லிவிட்டார்.

வீட்டில் என் கணவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார், பிறகு உட்கார்ந்துவிட்டார். பார்த்ததைச் சொல்வேன் என்று காளியம்மாவிடம் சாமி படத்தின்மேல் கைவைத்துக் கொடுத்த வாக்கை அவர் எனக்காகக் கோர்ட்டில் விற்றுவிட்டு வந்திருந்தார். நேற்று நான் ஒரு சத்தம் கொடுத்திருந்தால் அவர் அதை விற்க வேண்டியிருக்காது. இது அவருக்குத் தெரியாது. தெரியவும் கூடாது.

காளியம்மா வந்தாள். அவளிடம் திட்டு வாங்கத்தான் நான் காத்திருந்தேன். அவள் என் முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தாள்.

"போனவரு போயிட்டாரு. நீ வந்து சேந்தியே, அது போதும் தாயி" என்றாள். கொஞ்சம் கழித்து, "எங்கே வச்சிருந்தாங்க?" என்று கேட்டாள். "ஆளைக் காட்டு, இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல. அவனைப் பிடிச்சா அவன் மேஸ்திரியைச் சொல்லிடுவான்."

என் கணவர் சுவரிலிருந்து திரும்பினார்.

"டாலாவுல இறக்கி வேற படகுல ஏத்திட்டாங்க. பசுந்தாங் ஓடைப் பக்கம். கண்ணைக் கட்டியிருந்தாங்க. ஆளு யாருன்னு தெரியாது" என்றேன்.

குரல் பிசிறவே இல்லை. முந்தானையை வாயிலிருந்து எடுத்தபோதே அந்தப் பொய்யும் தயாராக இருந்திருக்க வேண்டும்.

"பசுந்தாங்கா?" என்றாள் காளியம்மா. "நாங்க டாலாவுல ஒரு கதவு விடலியே."

அவள் விரல் முட்டிகளில் தோல் உரிந்து புண்ணாகியிருந்தது. எண்ணெய் கொண்டுவருகிறேன் என்று சொல்லி உள்ளே போனேன். எண்ணெய்க் கிண்ணம் கைக்கெட்டும் இடத்தில்தான் இருந்தது. அவள் எழுந்து போகிற சத்தத்துக்காக அதைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தேன்.