தொண்ணூறு நாள் குத்துச்சண்டை

அந்த வீட்டில் ஒரு வேலை யார் பேரில் இருக்கிறது என்பதற்கும் அதை யார் செய்கிறார்கள் என்பதற்கும் என்றைக்குமே சம்பந்தம் இருந்ததில்லை. டிரைவரின் விடுப்பு விண்ணப்பத்தை எழுதுவது அவர் மனைவி. கையெழுத்தும் அவளே போடுவாள். அவர் போடுவதைவிட அதுதான் அவர் கையெழுத்து மாதிரி இருக்கும். அவள் வேலை பார்க்கும் சலவை நிலையத்துக்குப் போன் செய்து, தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு, அம்மா குரலில் தனக்குக் காய்ச்சல் என்று சொல்வது மகள். மகளுக்காகப் பல் டாக்டரிடம் இடம் பிடிக்கப் போன டிரைவர், அவள் வந்து சேராததால் ஒருமுறை நாற்காலியில் தானே ஏறி வாயையும் திறந்துவிட்டார். வேலை முடிந்ததா என்பதுதான் அங்கே கேள்வி. யார் முடித்தது என்று யாரும் கேட்டதில்லை.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் டிப்போ டாக்டர் உடற்பயிற்சியை எழுதிக் கொடுத்தார்.

இருபத்திரண்டு வருஷமாகப் பதினான்காம் நம்பர் பஸ்ஸை ஓட்டுகிறவர் டிரைவர். வயிறு ஸ்டியரிங்கைத் தொட ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மூன்று மாதத்தில் எட்டு கிலோ இறங்க வேண்டும், இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்கக் கூடாது, இல்லையென்றால் பஸ்ஸை விட்டுவிட்டு டிப்போ விசாரணை ஜன்னலில் உட்காரும் வேலைதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்வது டிரைவருக்குப் பழக்கம்தான். ஆனால் அந்த ஜன்னல் கண்ணாடி எங்கேயும் நகராது. அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அதைப் பார்த்துத்தான் மனைவிக்கு விஷயம் எவ்வளவு பெரியது என்று புரிந்தது.

நடப்பதற்கு நேரம் இல்லை, ஓடுவதற்கு மூட்டு இல்லை. டிரைவரின் தம்பி வீட்டுப் பரணில் வீடியோ கேம் ஒன்று சும்மா கிடந்தது. கையில் ஒரு ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு டிவி முன்னால் நின்று கையை வீசினால், திரையில் ஒரு பொம்மையும் வீசும். டென்னிஸ், பந்து உருட்டல், குத்துச்சண்டை எல்லாம் இருந்தது. மகள் அதைக் கொண்டுவந்து மாட்டி, அப்பா ஜாடையில் ஒரு பொம்மையும் செய்தாள். மீசை, தொந்தி, நீலச் சட்டை எல்லாம் அச்சு அசல். டாக்டரும் ஒத்துக்கொண்டார். தினமும் ஆடியது அதில் பதிவாகும், தொண்ணூறு நாள் பதிவையும் அச்செடுத்துக் கொண்டுவாருங்கள் என்றார்.

முதல் நான்கு நாள் டிரைவர் காலையில் எழுந்து குத்தினார். ஐந்தாம் நாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து குத்தினார். ஆறாம் நாள், ரிமோட்டை மணிக்கட்டால் சுண்டினாலே பொம்மை குதித்துக் குதித்து அடிக்கிறது என்று கண்டுபிடித்து, ஒரு கையால் பேப்பர் படித்துக்கொண்டே எதிராளியைச் சாய்த்தார். ஏழாம் நாள், வேலை முடிந்து வந்து ஆடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு நாள் விட்டுப்போனால் அந்த நாளின் கட்டம் பதிவில் வெள்ளையாக இருக்கும் என்று மகள் சொல்லியிருந்தாள். அன்று சாயங்காலம் மனைவி வேலையிலிருந்து வந்து, கை கால் கழுவி, வெள்ளையாக இருந்த கட்டத்தைப் பார்த்தாள். நிரப்பாத படிவம் ஒன்றை அவள் வாழ்க்கையில் சும்மா விட்டதில்லை. ரிமோட்டை எடுத்தாள்.

அது கையை மட்டும்தான் பார்த்தது, யார் கை என்று பார்க்கவில்லை. பதினெட்டு வருஷமாக இஸ்திரிப் பெட்டியைத் தள்ளிய கை அது. முதல் குத்திலேயே எதிராளி கயிற்றில் போய் விழுந்தான். அவள் குனிந்தால் கணவரின் மீசை குனிந்தது, அவள் துள்ளினால் கணவரின் தொந்தி துள்ளியது. ஆடி முடித்ததும் எரித்த கலோரியையும் உடம்பின் வயசையும் காட்டிவிட்டுத் திரையில் எழுத்து வந்தது: 'அருமை ஐயா! நாளையும் வாருங்கள்.' அவளை நாளைக்கும் வரச் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை. சலவை நிலையத்தில் அதைக் கேட்கவே வேண்டியதில்லை.

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும். ஆறு மணிக்கு அடுப்பில் ஒன்றை ஏற்றிவிட்டு முன்னறைக்கு வந்தால், அது வெந்து இறங்கும்வரை ஆட்டம். டிரைவர் எட்டரைக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதே கேட்பார், நாம் இன்றைக்கு எவ்வளவு எரித்தோம் என்று. முந்நூற்றிருபது கலோரி என்பாள். அப்படியானால் இன்னும் கொஞ்சம் போடலாம் என்று தட்டை நீட்டுவார். எரித்ததை வீணாக்கக் கூடாது என்பது அவர் கட்சி.

"நம்ம உடம்பு வயசு என்ன காட்டுது?"

"முப்பத்தொண்ணு."

"போன வாரம் முப்பத்தஞ்சு இருந்துச்சே," என்று டிரைவர் திருப்தியாகச் சாய்ந்துகொள்வார். டிப்போவில் மற்ற டிரைவர்களுக்கு இதைச் சொல்லி, சோம்பேறிகளா, உடம்பைக் கவனியுங்கள் என்று புத்திமதியும் கொடுத்துவந்தார். அவர் பொய் சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் அவருக்கே அது உண்மையாகிவிட்டிருந்தது.

மகளுக்கு மட்டும் நடுவில் ஒரு சந்தேகம் வந்தது.

"அம்மா, எடையை எப்படிம்மா அவர் பேர்ல நீ குறைப்ப?"

"அதுக்கு இன்னும் ஒரு மாசம் இருக்குடி," என்று சொல்லிவிட்டாள் அம்மா. எந்தப் படிவத்திலும் கடைசிக் கட்டத்தைக் கடைசியில்தான் நிரப்புவது அவள் வழக்கம்.

தொண்ணூற்றோராம் நாள் மூன்று பேரும் டிப்போவுக்குப் போனார்கள். பதிவு கத்தையாக மனைவியின் பையில் இருந்தது. டிரைவர் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். இவர்கள் இருவரும் வெளிப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை, உள்ளே பேசியது எல்லாம் கேட்டது.

டாக்டர் முதலில் காகிதங்களைப் புரட்டி அசந்துபோனார். இத்தனை வருஷத்தில் சொன்னதை ஒருநாள் விடாமல் செய்த ஆள் இவர்தான் என்றார். பிறகு எடை மேடையில் ஏறச் சொன்னார். இறங்கி மறுபடி ஏறச் சொன்னார். முன்பைவிட நாலு கிலோ கூடியிருந்தது. மிஷின் பழசு என்று டிரைவர் சொன்னதும் கேட்டது.

அங்கேயே டியூட்டி ரிஜிஸ்டரோடு நேரக்காப்பாளரும் உட்கார்ந்திருந்தார். யாருக்கு எந்த வண்டி, எத்தனை மணிக்கு என்று எழுதுவதே வேலையாக உள்ள மனிதர். காகிதத்தில் நாளுக்கு நாள் நேரமும் அச்சாகியிருந்ததை அவர்தான் கவனித்தார். தன் ரிஜிஸ்டரைப் பக்கத்தில் வைத்து விரலால் தடவிக்கொண்டே வந்தார்.

"ஆறு அஞ்சுலேர்ந்து ஆறு நாப்பது வரைக்கும் வீட்ல குத்துச்சண்டை போட்டிருக்கீங்க. அதே நேரத்துல பதினாலாம் நம்பர் மார்க்கெட் வளைவுல போயிட்டிருக்கு. ஒரு நாள் ரெண்டு நாள் இல்லை, உங்க வார லீவு போக எழுபத்தி ரெண்டு நாள். வண்டியை யார் கையில கொடுத்துட்டுப் போனீங்க?"

ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கும் பஸ்ஸை நடு ரோட்டில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார் என்று எழுதினால் ஜன்னல்கூடக் கிடைக்காது, வாசலைத்தான் காட்டுவார்கள். பயிற்சியே செய்யவில்லை என்று சொன்னால் ஜன்னல் நிச்சயம். வெளியே மனைவிக்கு இந்த இரண்டும் அவரைவிட முன்னால் விளங்கியது. அவர் சார்பில் வாயைத் திறப்பதும் அவள் பொறுப்பில் உள்ள வேலைதான். எழுந்து உள்ளே போனாள்.

"ஓட்டினது அவருதான் டாக்டர். குத்தினது நான்."

டாக்டர் அவளையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வலது கை மிக வலு, இடது கை சுமார் என்று பதிவில் இருந்தது. கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, இரண்டு மாடி ஏறி இறங்கிவிட்டு வாருங்கள் என்றார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய், போன வேகத்தில் வந்து நின்றாள். நாடியைப் பிடித்துக்கொண்டு டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"வயசு?"

"நாப்பத்தி மூணு."

"பஸ் ஓட்டத் தெரியுமா?"

"தையல் மெஷின்கூட ஓட்டத் தெரியாதுங்க."

நேரக்காப்பாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ரிஜிஸ்டரை மூடினார். பஸ் தன் பாதையில்தான் ஓடியது, அவருக்கு அது போதும். டாக்டருக்குப் போதவில்லை. இன்னும் மூன்று மாதம் தருகிறேன், அதுவரை ஜன்னலில் உட்காருங்கள், அடுத்தமுறை காகிதம் எதுவும் வேண்டாம், நீங்களே மாடி ஏறிக் காட்டுங்கள், அப்போதும் முடியவில்லையென்றால் ஜன்னல்தான் நிரந்தரம் என்று முடித்தார். வீட்டுக்குப் பஸ்ஸில் திரும்பினார்கள். ஜன்னலோர இருக்கை காலியாக இருந்தும் டிரைவர் நின்றுகொண்டே வந்தார்.

மறுநாள் ஜன்னல் வேலை ஐந்து மணிக்கே முடிந்துவிட்டது. ஆறு மணிக்கு டிரைவர் டிவி முன்னால் நின்றார். மனைவி அடுப்பில் ஏற்றியதை ஏற்றிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இந்த நேரத்தில் அவள் உட்கார்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

'வாருங்கள் வீரரே!' என்றது திரை. பொம்மைக்கு அவள் சம்பாதித்துக் கொடுத்திருந்த தங்கக் கையுறை மின்னியது. எதிரே அவள் நேற்று முன்தினம் பாதியில் விட்ட ஆள், தோள் இரண்டும் கதவு அகலத்துக்கு, காத்துக்கொண்டிருந்தான்.

டிரைவர் நாலு குத்து விட்டார். ஐந்தாவது பாதி வழியில் நின்றது. எதிராளி மூன்று முறை அடித்தான், நீலச் சட்டை மல்லாந்து விழுந்தது. மூன்றாம் நிமிஷத்தில், இன்று உங்கள் உடம்புக்குச் சரியில்லையா, சற்று ஓய்வெடுங்கள் என்று எழுத்து வந்தது.

"பாத்தியா? அதுவே ஓய்வெடுக்கச் சொல்லுது," என்றார், சுவரைப் பிடித்துக்கொண்டு.

"எழுந்திருங்க. அவன் இடது பக்கம் ஏமாந்தவன். முட்டியை மடக்கிக் குனிஞ்சு குத்துங்க."

குனிந்தார். குத்தினார். மறுபடி விழுந்தார். உள்ளே பாத்திரத்தின் மூடி தடதடக்க ஆரம்பித்தது. அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு ரிமோட்டை அவள் பக்கம் நீட்டினார்.

"அஞ்சே நிமிஷம். இவனை மட்டும் நீ முடிச்சுக் கொடுத்துடு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

அவள் கை எழுந்தே விட்டது. திரையில் அந்த ஆள் இடது பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். ஒரே ஒரு குத்துதான் வேண்டும்.

அவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அழுத்தி உட்கார்ந்துகொண்டாள்.

"குனிங்க," என்றாள்.