கராஜ் கதவின் இடது மூலை

நவம்பர் முதல் வாரத்தில் லவோன் தன் வீட்டு கராஜுக்குள்ளேயே வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை ஒடித்துக்கொண்டாள். முந்தின நாள் சாயங்காலம் ஆலங்கட்டியும் மழையும் கலந்து அடித்தது. கதவுக்கு அடியில் இருக்கும் ரப்பர் பட்டை நைந்து போயிருந்ததால் தண்ணீர் இடது மூலை வழியாக உள்ளே வந்து, ராத்திரிக் குளிரில் கண்ணாடி மாதிரி உறைந்துவிட்டது. அதே மூலையில்தான் அவளுடைய பெரிய ஃப்ரீசர் இருக்கிறது. காலையில் கோழி எடுக்கப் போனவள் கோழியோடு விழுந்தாள்.

எதிர் வீட்டுக்காரி என்ற முறையில் அவளை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனது நான்தான். வழியெல்லாம் அவள் வலியைப் பற்றிப் பேசவில்லை. "கேயிலன் கிட்ட பாத்துச் சொல்லு டார்லா. அவன் மனசு உடைஞ்சு போயிடுவான்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்படியேதான் ஆனது. கேயிலன் அவளுடைய இரண்டாவது கணவன். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். அறுபது வயது. கல்யாணமாகி நாலு வருஷம் ஆகிறது, இன்னும் அவள் அறைக்குள் வந்தால் எழுந்து நிற்கிற ஆள். போன குளிர்காலத்திலேயே அவள் அந்த ரப்பரை மாற்றச் சொல்லியிருந்தாள். இவனும் தலையாட்டியிருந்தான். மாவுக்கட்டோடு அவளைப் பார்த்ததிலிருந்து பத்து நாள் அவன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அவளுக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுப்பான், தலை வாரிவிடுவான், தனியாகப் போய் கராஜ் கதவையே பார்த்துக்கொண்டு நிற்பான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் புது ரப்பரும் பக்கப் பட்டைகளும் வாங்கி வந்து, சனிக்கிழமை காலை வேலையை ஆரம்பித்தான். பதினாறு அடி நீளக் கதவு. அதன் அடிப்பக்கம் முழுக்க ஒரு அலுமினியக் காடி, நீளமான பள்ளம் மாதிரி, ஓடுகிறது. ரப்பரின் மேல்விளிம்பை அந்தக் காடிக்குள் ஒரு முனையில் நுழைத்து மறுமுனை வரை இழுக்க வேண்டும். பழைய ரப்பர் அப்பளம் மாதிரி நொறுங்கி வந்துவிட்டது. புதியது நாலடி போனதும் மாட்டிக்கொண்டது. வெளியே உறைநிலைக்கும் கீழே குளிர். நான் ஒரு பக்கம் இழுத்தேன், அவன் மறுபக்கம் தள்ளினான். ரப்பர் நடுவில் சுருங்கி வயிறு தள்ளியதுதான் மிச்சம்.

லவோன் கையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி வாசலில் வந்து நின்றாள்.

"ராலியைக் கூப்பிடு" என்றாள்.

கேயிலன் குறடைக் கீழே வைத்தான். ராலி அவளுடைய முதல் கணவன். அந்த கராஜைக் கட்டியதே அவன்தான். பத்தொன்பது வருஷம் குடித்தனம் நடத்திவிட்டு, பதினோரு வருஷத்துக்கு முன்னால் சண்டையில்லாமல் பிரிந்தார்கள். ஒரே கூரைக்குக் கீழே இல்லாத வரைக்கும் இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் பிடிக்கும். ஆனால் ராலியும் கேயிலனும் இந்த நாலு வருஷத்தில் பேசியது பத்து வார்த்தைகூட இருக்காது. லவோனின் பேரனின் ஹாக்கி ஆட்டத்தில் பார்த்தால் ஆளுக்கொரு தலையசைப்பு, அவ்வளவுதான்.

"நானே முடிச்சிடுவேன் லவோன்."

"எப்ப? வசந்த காலத்துலயா?"

கேயிலனே போனை எடுத்து எண்ணைக் கேட்டு அழுத்தினான். காது சிவந்திருந்தது, குளிரால் மட்டும் இல்லை.

கால்மணி நேரத்தில் ராலியின் பிக்கப் வண்டி வந்து நின்றது. பெரிய உடம்பு, கம்பளித் தொப்பி, ஒரு பக்கம் டேப் சுற்றிய மூக்குக் கண்ணாடி. இறங்கியவன் முதலில் லவோனின் மாவுக்கட்டைத்தான் பார்த்தான். அப்புறம் இடது மூலைத் தரையைப் பார்த்தான். ரப்பரை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தான். மரக்கட்டை மாதிரி இருந்தது.

"இதை எங்க வெச்சிருந்தீங்க?"

"வெளிய கார் மேல, ராத்திரி பூரா" என்றான் கேயிலன்.

"அதான். ரப்பருக்கும் குளிரும் சார். வெந்நீர்ல ஊறப் போட்டாத்தான் சொன்ன பேச்சு கேக்கும். குளியல் தொட்டி காலியா இருக்கா?"

"என் தொட்டியிலயா?" என்று கத்தினாள் லவோன்.

"உன்னையா ஊறப் போடறேன்னு சொன்னேன்? ரப்பரைத்தான்."

பதினாறு அடி ரப்பரைப் பாம்பு மாதிரி சுருட்டி இரண்டு பேரும் சமையலறை வழியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். அது ஊறுகிற வரைக்கும் காபி. ராலி கோப்பையை வாயருகே கொண்டுபோகும்போதெல்லாம் கண்ணாடி மூக்கு நுனிக்கு நழுவியது. கேயிலன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் பொறுக்க முடியவில்லை.

"அதைக் கொஞ்சம் குடுங்க."

"எதை?"

"கண்ணாடியை. எனக்குப் பாக்கவே கஷ்டமா இருக்கு."

சட்டைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்து, டேப்பைப் பிரித்து, ஒரு எள்ளளவு திருகாணியைப் போட்டு முறுக்கி, காதுப்பக்கத்தை விரலால் வளைத்துக் கொடுத்தான். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. ராலி மாட்டிக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான். கண்ணாடி அசையவில்லை.

"ரெண்டு வருஷமா இதோட மல்லுக்கட்டறேன்யா!" என்றான்.

அந்த 'யா'வைக் கேட்டு லவோன் என்னைப் பார்த்தாள்.

அப்புறம் வேலை மடமடவென்று நடந்தது. காடி முழுக்கப் பாத்திரம் கழுவும் சோப்பைத் தடவினார்கள். ராலி ஒரு முனையில் முழங்கால் போட்டுத் தள்ள, கேயிலன் மறுமுனையில் இழுத்தான்.

"இழு... இழு... நிறுத்துய்யா, என் விரல்!"

"விரலை ஏன் அங்க வெச்ச?" என்றான் கேயிலன்.

"வேற எங்க வெப்பேன், ஃப்ரீசர்லயா?"

வெதுவெதுப்பாக இருந்த ரப்பர் வழுக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தது. இரண்டு பக்கமும் விரற்கடை அதிகம் விட்டு வெட்டினார்கள். நகராமல் இருக்க காடியின் முனைகளைக் குறடால் நசுக்கினார்கள். கதவின் இரண்டு பக்கச் சட்டத்திலும் மேலேயும் இருந்த வெடித்த பட்டைகளையும் பிடுங்கி, புதியதைக் கதவில் லேசாக உரசும்படி வைத்து ஆணி அடித்தார்கள். கேயிலன் முதல் ஆணியை வளைத்தான். மூன்றாவது ஆணியிலிருந்து நேராக அடித்தான்.

"இப்ப கதவை இறக்கி விளக்கை அணைங்க. வெளிச்சம் எங்கயும் தெரியக்கூடாது" என்றான் ராலி.

கதவு இறங்கியது. நாலு பேரும் உள்ளே இருட்டில் நின்றோம். மேலே இருட்டு. வலது பக்கம் இருட்டு. அடியிலும் இருட்டு, இடது மூலை வரைக்கும். அங்கே மட்டும் ஒரு விரல் உயரத்துக்குப் பகல் வெளிச்சம் தரையில் விழுந்து கிடந்தது.

கேயிலன் போய்க் குனிந்து பார்த்தான். திரும்பி வந்தான்.

"நான்தான் ஏதோ தப்பா அளந்துட்டேன். இதைக்கூட எனக்குச் செய்யத் தெரியல. போன வருஷமே செஞ்சிருந்தா அவ கை..."

"நிறுத்து" என்றான் ராலி. விளக்கைப் போட்டான். தரை சமமா என்று பார்க்கும் ரசமட்டத்தை வண்டியிலிருந்து எடுத்து வந்து மூலைத் தரையில் வைத்தான். குமிழி ஒரு ஓரத்துக்கே ஓடிவிட்டது.

"ரப்பர் மேல தப்பு இல்ல. உன் மேலயும் இல்ல. தரை இறங்கியிருக்கு. இந்தத் தரை நான் போட்டது." அப்புறம் லவோனிடம்தான் பேசினான், அவள் பக்கம் திரும்பாமல். "சிமென்ட் கொட்டறதுக்கு முன்னாடி மண்ணை நல்லா இடிச்சுக் கெட்டிப்படுத்தணும். மறுநாள் மீன்பிடி சீசன் ஆரம்பம். இந்த மூலை மட்டும் பாக்கி. அப்படியே கொட்டிட்டுக் கிளம்பிட்டேன். ரெண்டாவது வருஷமே இறங்க ஆரம்பிச்சிடுச்சு. நீ தண்ணி வருதுன்னு சொல்றப்பல்லாம் ரப்பர் போயிடுச்சுன்னு சொல்லி மாத்தினேன். ரெண்டு தடவை. உன் கை ஒடைஞ்சதுக்கு நான்தான் காரணம் லவோன்."

லவோன் மூலையைப் பார்த்தாள், மாவுக்கட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"இருபத்திரண்டு வருஷம்" என்றாள். "ஒவ்வொரு குளிர்காலமும் அந்த மூலையில பழைய துண்டைச் சுருட்டிச் சுருட்டி வெச்சேன். காஞ்சப்புறம் எடுத்துத் துவைச்சேன். என்ன மீன்டா புடிச்ச அன்னிக்கு?"

"ஒண்ணும் கிடைக்கல."

அவள் விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அழுகிறாளா என்று பார்க்க நான் பின்னாலேயே போனேன். பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீரோடு.

"கோபமா இருக்கா?" என்றேன்.

"இருக்கு. ஆனா அவன் ஏன் இன்னிக்குச் சொன்னான்னு பாத்தியா? கேயிலன் முகத்தைப் பாத்துத்தான். நான் கேட்டிருந்தா இன்னொரு இருபது வருஷம் சொல்லியிருக்க மாட்டான்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி வெளியே போனாள். இரண்டு ஆண்களும் பள்ளிக்கூடப் பையன்கள் மாதிரி ஒருவர் பக்கத்தில் ஒருவர் நின்றார்கள்.

"இதைச் சரி பண்ண முடியுமா முடியாதா?"

"முடியும்" என்றான் ராலி அவசரமாக. "தரையில ஒட்டற மேடு மாதிரி ரப்பர் ஒண்ணு இருக்கு. கதவு அது மேல வந்து உக்காரும். மூலையில அடியில கொஞ்சம் சிமென்ட் பூசி ஏத்திட்டு ஒட்டணும். தரை காயணும். ஹீட்டர் வெச்சு..."

"நாளைக்கு. சர்ச் முடிஞ்ச உடனே. ரெண்டு பேரும்."

"அவரு எதுக்கு லவோன்? நானே..." என்று ஆரம்பித்தான் ராலி.

"நீ என்னிக்காவது நேரா ஒரு கோடு போட்டிருக்கியா? அவன் மில்லிமீட்டர் பாக்கிறவன்."

ஞாயிற்றுக்கிழமை செய்தார்கள். கேயிலன் சுண்ணக்கட்டியால் கோடு போட்டான், ராலி பசையைப் பிழிந்தான். பிசகினால் "அங்க இல்ல, அரை விரல் உள்ள" என்று கேயிலன் கண்டிப்பாகச் சொன்னான், ராலி முணுமுணுத்துக்கொண்டே கேட்டான். பசை காய்கிற வரைக்கும் கார் தெருவில் நின்றது. நான் உருளைக்கிழங்கும் இறைச்சியும் போட்டு அடுப்பில் வேகவைத்துக் கொண்டுபோனேன். லவோனுக்கு இடது கையால் கரண்டி பிடிக்க வரவில்லை. இரண்டு பக்கமிருந்தும் இரண்டு முட்கரண்டி நீண்டதைப் பார்த்து, "நான் குழந்தையில்ல, தட்டை டார்லாகிட்ட குடுங்க" என்றாள்.

நவம்பர் கடைசியில் குடும்பமாகக் கூடிச் சாப்பிடும் நன்றி தெரிவிக்கும் விருந்துக்கு நாலு நாள் முன்னால் மறுபடி ஆலங்கட்டி மழை கொட்டியது. காலையில் நான் எட்டிப் பார்த்தபோது கேயிலன் காலுறையோடு கராஜ் மூலையில் உட்கார்ந்து தரையைக் கையால் தடவிக்கொண்டிருந்தான், காதில் போனோடு.

"காஞ்சு கிடக்குய்யா. சொட்டு இல்ல. நீ வந்து பாரு."

அந்தப் பேச்சு முக்கால் மணி நேரம் நீண்டது. நடுவில் லவோன் சமையலறையிலிருந்து என்னைக் கேட்டாள்: "ஒரு ரப்பரைப் பத்தி அப்படி என்னதான் பேசுவாங்க?"

எனக்கும் தெரியவில்லை. ஆனால் விருந்துக்கு மேஜையில் ஒரு தட்டு கூடுதலாக வைக்கச் சொன்னது அவள்தான்.