பெயர், ஊர், ஒரு வரி

மர்வ் நடத்துகிற வானொலி நிகழ்ச்சிக்கு யார் போன் செய்தாலும் முதலில் எடுப்பது நான்தான். பெயர், ஊர், சொல்ல வந்தது ஒரு வரியில். இந்த மூன்றையும் நான் தட்டினால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் உட்கார்ந்திருக்கும் மர்வின் திரையில் தெரியும். பிடித்த ஆளை அவர் எடுத்துக்கொள்வார். மொத்தம் ஆறு லைன். பதினோரு வருஷமாக டெட்ராய்ட்டின் பாதி வயிற்றெரிச்சல் என் காது வழியாகத்தான் போயிருக்கிறது. இப்போதெல்லாம் யார் என்ன சொல்லி அழுதாலும் எழுத்துப் பிழை இல்லாமல் தட்டிவிடுவேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பூஞ்ச்கி நாள். மறுநாளிலிருந்து தவக்காலம் என்பதால், எங்கள் ஊரில் அன்று எல்லோரும் எண்ணெயில் பொரித்து உள்ளே பழக்கூழ் வைத்த அந்த உருண்டைகளைத் தின்று தீர்ப்பார்கள். ஹாம்ட்ராமிக்கில் விடிவதற்கு முன்பே பேக்கரி வாசலில் வரிசை நின்றுவிடும். நிலையத்துக்கு நாலு பெட்டி வந்திருந்தது. நான் தொடவில்லை. என் பித்தப்பையில் கல். எண்ணெய்ப் பண்டம் உள்ளே போனால் அன்று முழுக்கச் சுருண்டு கிடக்க வேண்டும். எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் போன வருஷமே சொல்லிவிட்டார். கையிலிருந்து கட்டினால் பதினெட்டாயிரம் டாலர் என்று ஆஸ்பத்திரியில் ஒரு பெண் சிரித்த முகத்தோடு சொன்னாள்.

நிலையத்தில் எனக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் கிடையாது. அதனால் என் கணவன் காஸின் இன்ஷூரன்ஸுக்காகக் காத்திருந்தேன். கார் இருக்கை செய்கிற தொழிற்சாலையில் இருபத்து நாலு வருஷம் வேலை பார்த்தவன் காஸ். 2009இல் அது மூடியது. அதன் பிறகு கிட்டத்தட்ட இரண்டு வருஷம் வீட்டில் இருந்தான். இருந்தான் என்றால் நாற்காலியில் இருந்தான். கேட்டால் பதில் வரும், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. போன டிசம்பரில் அரசாங்கக் கடனில் பிழைத்த அந்தப் பெரிய கார் கம்பெனி அவனைப் புது ஆளாக எடுத்துக்கொண்டது. மணிக்குப் பதினாலு டாலர். பக்கத்தில் நின்று அதே வேலையைச் செய்யும் பழைய ஆளுக்கு இருபத்தெட்டு. கம்பெனி பிழைக்கப் போட்ட ஒப்பந்தம் அப்படி.

முதல் தொண்ணூறு நாள் தகுதி பார்க்கும் காலம். அதற்குள் ஒருவனைக் காரணம் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பலாம், தொழிற்சங்கமும் கேட்க முடியாது. தொண்ணூற்றொன்றாம் நாள் சங்கமும் உண்டு, இன்ஷூரன்ஸும் உண்டு. ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த காலண்டரில் தினமும் ஒரு பெருக்கல் குறி போட்டுவந்தேன். அந்தச் செவ்வாய் எண்பத்து மூன்றாவது நாள்.

முந்தின நாள்தான் அந்தக் கம்பெனியின் தலைவர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். கார் விற்பவர்கள் கூட்டத்தில், "அரசாங்கம் எங்ககிட்ட பன்னெண்டு சதவீதம் வாங்குது. அது வட்டி இல்ல, கந்துவட்டி" என்றார். கூட்டம் சிரித்துக் கைதட்டியது. எவனோ அதைப் பதிவு செய்திருந்தான். காலையில் நாங்கள் அதை ஒருமுறை ஒலிபரப்பியதுதான் தாமதம், ஆறு விளக்கும் எரிந்தன.

லிவோனியாவிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்: "கடன் கேட்டு வாஷிங்டன் வாசல்ல நின்னப்ப வட்டி எவ்வளவுன்னு படிச்சுப் பாக்கலையா? என் வகுப்புல இருந்திருந்தா நூறு தடவை எழுத வச்சிருப்பேன்."

வாரனில் மளிகைக் கடை வைத்திருக்கும் நஜீப்: "எனக்கு எந்த பேங்க்கும் கடனே தர மாட்டேங்குது. பன்னெண்டு வட்டிக்கு எனக்குக் குடுக்கச் சொல்லுங்க. முத்தம் குடுத்து வாங்கிக்கறேன்."

இன்னொரு பெண்மணி, ஊர் வயண்டாட். அதே கம்பெனியின் காரை, அதே கம்பெனி ஏற்பாடு செய்த கடனில் வாங்கியிருந்தார். "எனக்குப் பத்தொன்பது சதவீதம் போட்டிருக்காங்க. அவருக்குப் பன்னெண்டு வலிக்குதாம். பாவம்."

யாரும் கத்தவில்லை. அதுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது. இரண்டு வருஷம் முன்பு, கடன் கொடுக்கலாமா கூடாதா என்று சண்டை நடந்தபோது போனில் என் காது கிழிந்தது. இப்போது எல்லோரும் வெயில் அதிகம் என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வைத்தார்கள். மர்வுக்கு அது போதவில்லை. கண்ணாடி வழியே என்னைப் பார்த்து, இன்னும் சூடாக ஆள் பிடி என்று கையைச் சுழற்றிக் காட்டினார்.

பத்து மணிக்கு இரண்டாவது லைனில் ஒரு ஆள்.

"பேரு?"

"டாரில்."

"ஊரு?"

"இங்க்ஸ்டர். நான் அந்தக் கம்பெனியிலதான்க்கா வேலை பாக்கறேன். பெயிண்ட் அடிக்கற எடத்துல. இன்னைக்கு எனக்கு லீவு."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு மாசம் ஆகப்போவுது."

கணக்கு எனக்கு உடனே தெரிந்தது. அறுபது போனால் முப்பது மீதி. அந்தக் கணக்கை என்னைவிட வேகமாகப் போடக்கூடியவர் அன்று அந்த நகரத்தில் இருந்திருக்க மாட்டார். வேண்டாம்ப்பா, வச்சிடு என்று சொல்லியிருக்கலாம். ஒரு மூச்சில் முடிகிற வேலை. நான் தட்டினேன்: டாரில், இங்க்ஸ்டர், அதே கம்பெனித் தொழிலாளி, புதியவர். மர்வ் கட்டைவிரலை உயர்த்தினார்.

"சொல்லுங்க டாரில். தலைவர் பாவம் இல்லையா?"

"பாவம்தான் சார். அவருக்கு வட்டி ஜாஸ்தி, எனக்கும் எல்லாமே ஜாஸ்திதான். நான் பெயிண்ட் அடிக்கற கார் ஒண்ணோட விலை என்னோட ஒரு வருஷச் சம்பளம். ஒரு நாளைக்கு நூத்துக்கணக்குல அடிக்கறேன். அவரு ஒண்ணே ஒண்ணை எனக்குக் குடுத்தா, வட்டிக்கு நானும் கொஞ்சம் ஒத்தாசை பண்ணுவேன்."

மர்வ் விழுந்து விழுந்து சிரித்தார். "ஜாக்கிரதைப்பா, மேலதிகாரிங்க கேட்டுக்கிட்டிருக்கப் போறாங்க. பெயிண்ட்ல எத்தனை டாரில் இருக்காங்க?"

"நான் ஒருத்தன்தான் சார்" என்றான் டாரில். அவனும் சிரித்தான்.

பத்து இருபதுக்கு நான்காவது லைன் எரிந்தது. எடுத்ததுமே பின்னால் சங்கு ஊதும் சத்தம். கார் தொழிற்சாலையின் ஒன்பது நிமிஷ இடைவேளைச் சங்கு. அதற்கப்பால் எங்கள் நிகழ்ச்சியே கேட்டது. அந்தத் தொழிற்சாலையில் பத்தடிக்கு ஒரு ரேடியோ, எல்லாவற்றிலும் மர்வ்தான்.

"பேரு?"

"வால்டர்."

இருபத்தாறு வருஷமாகப் பக்கத்தில் படுக்கிறவனின் குரல் எனக்குத் தெரியாதா? மூக்கைச் சுருக்கிக்கொண்டு பேசினால் ஆள் மாறிவிடுமா?

"ஊரு?" என்று கேட்டுவிட்டேன், வாய்ப் பழக்கம்.

"ரெனாட்டா, விளையாடாதே. என்னைப் போடு."

"காஸ், இன்னும் ஏழு நாள் இருக்கு."

"பேரை மாத்தித்தானே சொல்றேன்."

"உன் குரலை மாத்த முடியுமா? உன் பக்கத்துல நிக்கறவன் ரேடியோவுலயே நீ பேசுவே."

"டாரில் பேசினான்ல. இங்க எல்லாரும் கேட்டாங்க. ஒருத்தன் விசில் அடிச்சான். எனக்கு ஒரே ஒரு கேள்விதான். கேட்டுட்டு வச்சிடறேன்."

"என்ன கேள்வி?"

அவன் மூச்சு வாங்கியது கேட்டது. "அரசாங்கம் குடுத்த கடனுக்கு வட்டி ஜாஸ்திங்கறாரு. சரி. நாங்களும்தானே குடுத்தோம்? மணிக்குப் பதினாலு டாலர் விட்டுக்குடுத்தோம். ரிடையர் ஆன கிழடுங்க பல்லு வைத்தியம், கண்ணு வைத்தியம் எல்லாத்தையும் விட்டுக்குடுத்தாங்க. அந்தக் கடனுக்கு யாரும் வட்டி கேக்கல. அசலைக்கூடக் கேக்கல. அதை அவரு எந்தக் கணக்குல எழுதியிருக்காருன்னு கேக்கணும். அவ்வளவுதான்."

இரண்டு வருஷத்தில் அவன் சேர்ந்தாற்போல் பேசிய நீளமான பேச்சு அதுதான். குரலில் பழைய காஸ் இருந்தான். சீட்டாட்ட மேஜையில் எதிராளியை வம்புக்கு இழுப்பவன், கல்யாணத்தில் பாட்டுக்காரனை ஓரம் தள்ளிவிட்டுத் தானே பாடியவன். அவனை எவ்வளவு தேடியிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தேடியவன் கிடைத்ததும் என் கை வலது விலாவுக்குக் கீழே போனது, கல் இருக்கிற இடத்துக்கு.

"லைன்ல இருங்க" என்றேன். எல்லோரிடமும் சொல்கிற அதே குரலில்.

காத்திருக்கும் பொத்தானை அழுத்தினேன். திரையில் ஒன்றும் தட்டவில்லை.

"நாலுல யாரு?" என்று மர்வ் விளம்பர இடைவெளியில் கேட்டார்.

"குடிகாரன்."

"காலைலயேவா?"

"பூஞ்ச்கி நாள் ஆச்சே. நாளையிலேருந்து தவக்காலம்."

மர்வ் அடுத்த லைனுக்குப் போனார். நான்காவது விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. இன்னொரு ஆசிரியை, கார் விற்பவர் ஒருவர், தலைவரைக் கூலிக்காரர்கள் சம்பளத்தில் ஒரு மாசம் வாழச் சொன்ன பாதிரியார் ஒருவர். எல்லோரும் நாலைத் தாண்டிப் போனார்கள். பத்து இருபத்தொன்பதுக்கு விளக்கு அணைந்தது.

அன்று மாலை காஸ் வந்து காலணியைக் கழற்றினான். "லைன்ல நிக்க வச்சுட்டாங்க" என்றான். "நிறையப் பேரு கூப்பிட்டாங்க இன்னைக்கு" என்றேன். இரண்டு பேரும் வேறு யாரையோ பற்றிப் பேசுவதுபோலப் பேசிக்கொண்டோம்.

மறுநாள் தலைவர் மன்னிப்புக் கேட்டார். அந்த வார்த்தைக்கு மட்டும். வியாழக்கிழமை எங்கள் ஆறு லைனிலும் ஹாக்கிப் பேச்சுதான். ஊர் வாய் ஓய்ந்துவிட்டது. எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

வெள்ளிக்கிழமை, தவக்காலத்தில் இறைச்சி கிடையாது, மீன் நாள். அவனுக்குப் பொரித்தது, எனக்கு வேகவைத்தது. காஸ் முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தபடி, "டாரிலை அனுப்பிட்டாங்க" என்றான்.

"என்ன காரணம்?"

"காரணம் சொல்ல வேண்டியதில்லையே."

சாப்பிட்டோம். கொஞ்ச நேரம் கழித்து, "அவனை நீதானே உள்ள விட்டே?" என்றான்.

"ஆமா."

"எத்தனை நாளா வேலை பாக்கறேன்னு கேட்டியா?"

கேட்கவில்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பான். நம்ப வேண்டும் என்றுதான் கேட்டான் என்று நினைக்கிறேன்.

"கேட்டேன்."

தலையை ஆட்டினான். மீனை முடித்தான். தட்டைக் கழுவி வைத்தான். என் தட்டையும் சேர்த்துக் கழுவினான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. எனக்கு ஏதாவது தோன்றும் என்றும் காத்திருந்தேன். டாரிலுக்கு ஒரு மனைவி இருப்பாள், அவளுக்கும் ஒரு காலண்டர் இருக்கும் என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். வானிலை அறிக்கையில் மழை வரும் என்று வாசிப்பதுபோலத்தான் இருந்தது. உள்ளே ஒன்றும் அசையவில்லை. போய் அன்றைய பெருக்கல் குறியைப் போட்டேன்.

தொண்ணூறாவது குறியும் போட்டேன். தொண்ணூற்றொன்றாம் நாள் புதன்கிழமை. இன்ஷூரன்ஸ் அட்டை முந்தின நாளே தபாலில் வந்துவிட்டது, இரண்டு பேர் பெயரும் போட்டு. காலையில் நிலையத்திலிருந்தே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். அதே பெண், அதே சிரிப்பு. ஏப்ரல் பதினொன்று என்று தேதி கொடுத்தாள்.

இன்றைக்கு காஸ் கூப்பிடுவான் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அவன் கேள்வியை அன்றே ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன், ஒரு வார்த்தை விடாமல். மர்விடம் முன்கூட்டியே சொன்னேன்: "அந்த வட்டி விஷயம் பத்தி நல்ல ஆள் ஒருத்தர் வருவாரு. ஹாக்கியை ரெண்டு நிமிஷம் நிறுத்தணும்." மர்வ் தோளைக் குலுக்கினார். பத்து பதினைந்திலிருந்து நான்காவது லைனை யாருக்கும் தராமல் வைத்திருந்தேன்.

பத்து இருபதுக்கு எரிந்தது. பின்னால் சங்கு.

"பேரு?" என்றேன். விளையாட்டாகத்தான்.

"காஸ். ஹாம்ட்ராமிக்." மூக்கைச் சுருக்கவில்லை.

"உன்னை முதல்ல போடறேன். மர்வ்கிட்ட சொல்லிட்டேன். அந்த அசல் விஷயத்தை அப்படியே சொல்லு. நான் எழுதி வச்சிருக்கேன், படிக்கவா?"

"அதெல்லாம் வேண்டாம்."

"இனிமே உன்னை யாரும் ஒண்ணும் பண்ண முடியாது, காஸ்."

"தெரியும். கூப்பிடறவங்க நம்பர் எல்லாம் உன்கிட்ட பதிவாகும்ல?"

"ஆகும்."

"டாரில் நம்பர் குடு."

மர்வ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புருவத்தை உயர்த்தினார். நான் கையை ஆட்டி வேண்டாம் என்றேன்.

"அவன்கிட்ட என்ன சொல்லப்போறே?"

"யாரு உள்ள விட்டாங்க, யாரை வெளியில நிறுத்தினாங்கன்னு சொல்லணும். ஒருத்தனுக்கு வேலை போனா காரணம் தெரிய வேண்டாமா? கம்பெனிதான் சொல்லல."

அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் கொடுக்காமல் இருந்திருப்பேன். போன வாரச் செவ்வாய்க்கிழமைப் பதிவைத் தேடி எடுத்தேன். டாரில், இங்க்ஸ்டர், அதே கம்பெனித் தொழிலாளி, புதியவர். நான் தட்டியது எழுத்துப் பிழையில்லாமல் அப்படியே இருந்தது. பக்கத்தில் பத்து எண்கள்.

ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவன் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னான்.

"சரிதானே?" என்றான்.

"சரிதான்" என்றேன்.