நாற்பத்திரண்டாவது வெர்ஷன்

சின்னவளும் அவள் நாத்தனாரும் முகம் கொடுத்துப் பேசி ஒரு வாரம் ஆகப்போகிறது. எல்லாம் ஒரு திரைச்சீலையால் வந்த வினை. சின்னவள் ஆசை ஆசையாய் வாங்கி மாட்டியிருந்த பச்சைத் திரைச்சீலையை, வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் நாத்தனார் தொட்டுப் பார்த்து, "ஆபரேஷன் தியேட்டர்ல மிச்சம் விழுந்ததா?" என்று கேட்டுவைத்தாள். எல்லாரும் சிரித்தார்கள். கட்டிய புருஷனும் சேர்ந்து சிரித்தான். அவனோடு பேச்சை நிறுத்தினால் காலையில் வண்டியில் கொண்டுவந்து விட ஆள் கிடையாது. அதனால் அவன் பங்குக் கோபத்தையும் நாத்தனாரே சுமக்கும்படி ஆயிற்று.

வீட்டுச் சண்டை வீட்டோடு போயிருந்தால் கவலையில்லை. இருவருக்கும் வேலையும் ஒரே இடத்தில். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ரத்தம் சுத்திகரிக்கும் ஆஸ்பத்திரி அது. நோயாளிகளின் விவரங்கள் இருக்கும் டேட்டாபேஸை இந்த இரண்டு பேரும்தான் கட்டிக் காத்துவந்தார்கள். மாடியறையில் சின்னவள் வடிவமைப்பாள். கீழே, படுக்கைகள் இருக்கும் கூடத்தை ஒட்டிய அறையில் நாத்தனார் அதைச் சரிபார்த்து ஓட்டுவாள். ஒரு கை மட்டும் பட்டு எதுவும் மாறக்கூடாது என்பது அங்கே சட்டம்.

வடிவமைக்க ஒரு மென்பொருள் வைத்திருந்தார்கள். விவரங்களை வகைவகையாய் அடுக்கிவைக்கும் டேபிள்கள் எல்லாம் திரையில் பெட்டி பெட்டியாய் நிற்கும், உறவுள்ள பெட்டிகளுக்கு நடுவே கோடு ஓடும். படத்தில் எதையாவது மாற்றினால் போதும், நிஜ டேட்டாபேஸோடு ஒப்பிட்டுப் பார்த்து, அங்கே செய்யவேண்டிய மாற்றங்களை வரி வரியாய் அதுவே ஒரு ஸ்கிரிப்டாக எழுதிக் கொடுத்துவிடும். நாத்தனார் அந்த ஸ்கிரிப்டை ஓட்டினால்தான் நிஜத்தில் எதுவும் மாறும். ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு வெர்ஷன் என்று எண் போட்டுப் பத்திரப்படுத்தும். பேச்சு நின்றுபோன நாளிலிருந்து, வெர்ஷனுக்குக் குறிப்பு எழுதும் கட்டம்தான் இருவருக்கும் தூது. "நோயாளியின் இரண்டாவது போன் எண் சேர்க்கப்பட்டது. யாரும் பாராட்ட வேண்டாம்" என்று மேலிருந்து போகும். "ஓட்டியாயிற்று. பாராட்டவில்லை" என்று கீழிருந்து வரும்.

அன்று காலை சின்னவள் நாற்பத்திரண்டாவது வெர்ஷனை அனுப்பினாள். பெரிய வேலை ஒன்றுமில்லை, படுக்கை எண்ணுக்கு ஓர் இடம் சேர்த்திருந்தாள், அவ்வளவுதான். அனுப்புவதற்கு முன் படம் நெரிசலாக இருக்கிறதே என்று நாலைந்து பெட்டிகளை ஒதுக்கியும் விட்டாள். கொஞ்ச நேரத்தில் "ஓட்டியாயிற்று" என்று பச்சை அடையாளம் வந்தது. சரி, என்னதான் மாறியிருக்கிறது என்று முந்தின வெர்ஷனையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

சிவப்பில் ஒரு வரி இருந்தது. எச்சரிக்கை டேபிள், நீக்கம்.

சின்னவள் அந்த வரியை இன்னொரு தரம் படித்தாள். அந்த மென்பொருளில் பெட்டியை ஒதுக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, படத்திலிருந்து மட்டும் எடுப்பது, டேபிளுக்கு ஒன்றும் ஆகாது. இன்னொன்று, வடிவத்திலிருந்தே நீக்குவது. இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். அவசரத்தில் விரல் ஒரு படி கீழே இறங்கியிருக்கிறது.

எந்த நோயாளிக்கு எந்த மருந்து ஆகாது, யாருக்கு ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஊசியைக் குறைக்கவேண்டும் என்பதெல்லாம் அந்த ஒரு டேபிளில்தான் இருந்தது. மத்தியானத்து நோயாளிகள் வந்து உட்காரும் நேரம். எச்சரிக்கைப் பக்கம் வெறுமையாய்த் திறந்தால், ஆபத்து ஒன்றும் இல்லை என்றுதானே நர்ஸ் நினைப்பாள்?

நாற்பத்தொன்றாவது வெர்ஷனுக்குத் திரும்பினால் என்ன? சோதனைக்கென்று வைத்திருந்த தனி டேட்டாபேஸில் அவசர அவசரமாகச் செய்து பார்த்தாள். டேபிள் வந்தது. உள்ளே ஒன்றுமில்லை. வெர்ஷன் ஞாபகம் வைத்திருப்பது பாத்திரத்தின் வடிவத்தை. கொட்டிப்போனதை அது எங்கிருந்து கொண்டுவரும்? நேற்றைய நகல் இருக்கிறதுதான், ஆனால் காலையில் டாக்டர் சுற்றி வந்து மாற்றியது எதுவும் அதில் இராது.

செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கி ஓடினாள்.

கூடத்தில் தலைமை நர்ஸ் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார்.

"சிஸ்டர், யாருக்கும் ஊசி போட்றாதீங்க! எச்சரிக்கைப் பக்கத்தத் திறங்க!"

"ஏம்மா, தீ கீ புடிச்சுதா? இப்படி மூச்சு வாங்குது?"

"திறங்க சிஸ்டர், சொல்றேன்."

நர்ஸ் திறந்தார். வாசலோரத்து நாற்காலியில் காத்திருந்த தையல்காரரின் பக்கம் அது. சிவப்புக் கட்டத்தில் இரண்டு மருந்துகளின் பெயர் இருந்தது. கீழே, காலையில் டாக்டர் சேர்த்த வரியும் இருந்தது. சின்னவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

"இன்னொருத்தரைத் திறங்க."

அதுவும் இருந்தது. அடுத்ததும் இருந்தது.

"எல்லாம் இருக்கே, என்ன ஆச்சு உனக்கு?" என்றார் நர்ஸ்.

"இருக்கும், இருக்கும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். நாத்தனார் கையைக் கட்டிக்கொண்டு கதவில் சாய்ந்து நின்றாள். "ஸ்கிரிப்ட்ல அந்த வரிய வெட்டிட்டுத்தான் மிச்சத்த ஓட்டுனேன். ஒரு டேபிளையே தூக்கிக் குப்பையில போடப் பாத்தியே, மகராசி!"

சின்னவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு வாரமாக வாயில் வராத சொல் தானாக வந்தது.

"அண்ணி..."

"என்ன அண்ணி?"

"ஒரு வார்த்தை மேல வந்து சொல்லியிருக்கக் கூடாதா? உசுரே போயிடுச்சு."

"நீதான் எங்கூடப் பேச மாட்டியே. மத்தியானம் வரைக்கும் தவிக்கட்டும்னு விட்டேன்." சொல்லும்போதே நாத்தனாரின் குரல் இறங்கியது. சின்னவளின் வெறுங்காலையும் வெளுத்த முகத்தையும் பார்த்தாள். பக்கத்தில் வந்து அவளும் தரையில் உட்கார்ந்தாள். "இப்படி ஓடி வருவேன்னு நெனைக்கல. தப்புதான்."

"நீங்க பாத்ததாலதான் அண்ணி தப்பிச்சோம்."

"அதச் சொல்லாத. எனக்கே இப்ப நெனச்சாப் பயமா இருக்கு." நாத்தனார் உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "உன் வேலை சுத்தமா இருக்கும்னு எப்பவும் மேலோட்டமாப் பாத்துட்டு ஓட்டிவிடுறவதான் நான். இன்னைக்கு உன்மேல இருந்த எரிச்சல்ல, எங்கயாவது ஒரு குத்தம் மாட்டாதான்னு வரி வரியா நோண்டுனேன். மாட்டுச்சு. நாம ராசியா இருந்திருந்தா போயிருக்கும், அத்தனையும்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் யார் சிரித்தது என்று தெரியாது. சின்னவள் சிரித்துக்கொண்டே அழுதாள். தையல்காரர் எட்டிப் பார்த்து, "பாப்பா, எனக்கு ஒண்ணும் ஆகலியே?" என்று கேட்டார்.

"உங்களுக்கு ஒரு குறையும் இல்லண்ணே" என்று சொல்லி நர்ஸ் அவரைப் படுக்கைக்கு அழைத்துப் போனார். கொஞ்ச நேரத்தில் இயந்திரம் மெல்ல ஓடத் தொடங்கும் சத்தம் கேட்டது.

"எந்திரி. வடிவத்துல அந்த டேபிள திரும்பச் சேத்து அனுப்பு. இல்லாட்டி அடுத்த ஒப்பீட்டுலயும் மென்பொருள் அத நீக்கச் சொல்லும்" என்றாள் நாத்தனார்.

"அனுப்புறேன். ஆனா நான் அனுப்புறத இனிமே எப்பவும் கோவமாவே படிங்க அண்ணி."

"படிச்சு முடிச்சப்புறம்?"

"முடிச்சதும், பசிக்குதாடின்னு கேளுங்க. காலையிலருந்து ஒண்ணும் சாப்பிடல."

"அடிப்பாவி, அத முதல்லயே சொல்றதுக்கென்ன!" என்று நாத்தனார் எழுந்து, அவள் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.