படம் எடுத்தவள்

தன் மகள் அநாதையாகிவிட்ட செய்தி ஞானபூரணிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்து கறிக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தபோது வந்தது. அமெரிக்காவிலிருந்து தம்பி ஆன்றோ போன் போட்டிருந்தான். விஷயத்தைக் கேட்டவள் ரிசீவரைக் காதில் வைத்தபடியே முற்றத்தை எட்டிப் பார்த்தாள். அநாதை அங்கே தன் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, சேமியா ஐஸ் வாங்கித் தரச்சொல்லி அடம்பிடித்துக்கொண்டிருந்தது.

"நல்லாப் பாத்தியாடா? வேற பிள்ளையா இருக்கும்."

"எம் மருமக மூஞ்சி எனக்குத் தெரியாதாக்கா? நான் போட்ட அதே படந்தான். மேரின்னு பேர் வச்சிருக்காங்க. அம்மா அப்பா செத்துட்டாங்கன்னு எழுதியிருக்காங்க."

ஆன்றோ இன்டர்நெட்டில் தனக்கென்று ஒரு பக்கம் வைத்திருந்தான். எவனோ இலவசமாக இடம் கொடுத்தான் என்று, அக்கா தபாலில் அனுப்பிய குடும்பப் படங்களையெல்லாம் அதில் ஏற்றி வைத்திருந்தான். அது தொண்ணூற்றொன்பதாம் வருஷம். இன்டர்நெட்டில் காரைக்குடி என்று தேடினால் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் எதுவும் வரும். ஊர் ஞாபகத்தில் அப்படித் தேடப் போனவனுக்கு, காரைக்குடியில் குழந்தைகள் இல்லம் நடத்துகிற ஓர் அறக்கட்டளையின் பக்கம் அகப்பட்டது. அதன் நட்டநடுவில் அக்கா மகள் ஜெசி நின்றுகொண்டிருந்தாள்.

அன்றைக்கு அந்த வீட்டில் கறிக்குழம்பு வைக்கவில்லை.

மறுநாள் மாலை, தான் வேலை பார்க்கும் தபால் ஆபீஸ் கவுண்டரை அடைத்த கையோடு ஞானபூரணி செக்காலை ரோட்டிலிருந்த சத்தியப்பிரியாவின் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனாள். கணவர் இமானுவேலும் கூட வந்தார். கணக்கு வாத்தியார். யாரிடமும் சண்டை வேண்டாம் என்பதே அவருடைய வாழ்க்கைக் கொள்கை. அவர் கோபப்பட்டு அவரே பார்த்ததில்லை.

மதுரைக்கு எஸ்.டி.டி. போட்டுத்தான் இன்டர்நெட்டைப் பிடிக்க வேண்டும். மோடம் கீச்கீச்சென்று கத்தி ஓய்ந்து, படம் மேலிருந்து கீழாக மெல்ல இறங்கியது. முதலில் கலைந்த தலைமுடி. அப்புறம் வெள்ளை வெள்ளையாகத் தீற்றிய நெற்றி. அப்புறம் கண்ணீர் வழிகிற கண்கள். கிழிந்த பெட்டிக்கோட்டு இறங்கி முடிவதற்குள் ஞானபூரணி சத்தியப்பிரியாவின் பக்கம் திரும்பினாள்.

"என்ன எழுதியிருக்கான்? தமிழ்ல சொல்லு."

சத்தியப்பிரியா தயங்கினாள். பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, வேலைக்குக் காத்திராமல் சொந்தமாகக் கடை போட்ட பெண். வாயாடிதான். ஆனால் இதைப் படித்துச் சொல்ல அவளுக்கே நா எழவில்லை.

"மேரி, வயசு ஆறு. அம்மா அப்பா இல்ல. இவளத் தேடிக்கிட்டு யாரும் வரமாட்டாங்க. அது தெரிஞ்சும் இந்தப் பிள்ளை தினமும் ரோட்டையே பாத்துக்கிட்டு நிக்குது. இவளுக்கு நீங்கதான் இருக்கீங்க… அப்புடின்னு போட்டிருக்குக்கா."

"ரோட்டையா பாக்குறா? என்னையத்தானே பாக்குறா!"

அந்தப் படத்தின் கதை இதுதான். போன கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். நானும் அடிப்பேன் என்று பழைய பெட்டிக்கோட்டோடு வந்து மட்டையைப் பிடுங்கிய ஜெசி, சுவரைவிடத் தன் மேல்தான் அதிகம் அடித்துக்கொண்டாள். குளிக்காமல் புதுக் கவுனைத் தொடக்கூடாது என்று அம்மா சொல்ல, அதற்குத்தான் அந்த அழுகை. மாமனுக்கு அனுப்பலாம் என்று ஞானபூரணி காமிராவை எடுத்து, சிரிப்பை அடக்க முடியாமல் கை ஆட ஆட, ஒரு படம் பிடித்தாள். எடுத்து முடித்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டதில் அவள் சேலையெல்லாம் சுண்ணாம்பு. அந்தச் சிரிப்பும் அந்தச் சேலையும் படத்தில் இல்லை. காமிராவுக்குப் பின்னால் நிற்பவள் படத்தில் எப்படி இருப்பாள்?

அதற்காக அவளைச் செத்தவள் என்று எழுதிவிடுவதா?

அறக்கட்டளையை நடத்துகிற தேவாவின் அலுவலகம் அரியக்குடி போகிற ரோட்டில் இருந்தது. மறுநாள் லீவு போட்டுவிட்டு இருவரும் ஸ்கூட்டரில் போனார்கள். முற்றத்தில் நிஜமாகவே தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன. சோறு சூடாகவும் தாராளமாகவும் இருந்தது. அதையும் ஞானபூரணி பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனாள்.

"வாங்க, உக்காருங்க" என்றார் தேவா. நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் இரண்டு பேனா. வந்த விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். "அது ஒங்க பிள்ளையா? நல்ல களையான முகம். படத்தப் பாத்து எத்தனை பேரு உருகி எழுதுறாங்க தெரியுமா?"

"அந்தப் படத்த எடுத்துருங்க சார்."

"கோவப்படாதீக தங்கச்சி. உலகமே பாக்கட்டும்னு ஒங்க தம்பிதானே போட்டு வச்சாரு? பூட்டியா வச்சிருந்தீக?"

"வாசக்கதவு தெறந்து கிடந்தா, உள்ள வந்து பிள்ளையத் தூக்கிட்டுப் போயிருவீகளா?"

இமானுவேல் மனைவியின் முழங்கையைத் தொட்டார். அவள் கையை உதறிக்கொண்டாள்.

"எல்லாம் இந்தப் பிள்ளைகளுக்காகத்தான்" என்றார் தேவா, ஜன்னலைக் காட்டி. "எனக்கா கேக்குறேன்?"

"சோறு போடுறீக, பாத்தேன். நல்ல காரியந்தான். அப்ப இந்தப் பிள்ளைக படத்தையே போட வேண்டியதுதானே?"

"அதெப்புடிம்மா? நாளைக்கு இதுக வளந்து, படிச்சு, கலியாணங் காச்சின்னு வரும்போது, அநாதைன்னு போட்ட படம் குறுக்க வந்து நிக்கும்ல? அதுக மானம் என்ன ஆகுறது?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. மேஜை மேலிருந்த பேப்பர்களை அவசரமாக அடுக்கினார்.

"அப்ப எம் பிள்ளைக்கு மானம் இல்ல, அப்புடித்தானே?"

"வார்த்தைய வளக்காதீக. பேர மாத்தித்தானே போட்டிருக்கோம். அதுவுமில்லாம, அந்தப் படத்துல அம்மா எங்க இருக்கு? பிள்ளை ஒத்தையிலதானே நிக்குது. பாக்குறவன் என்ன நெனைப்பான்?"

"அந்தப் படத்த எடுத்ததே நாந்தான்."

"நாங்களுந்தான் எடுத்தோம்" என்று சொல்லிவிட்டுத் தேவா தன் சாமர்த்தியத்தைத் தானே ரசித்துச் சிரித்தார்.

ஞானபூரணி எழுந்துவிட்டாள். "நான் எடுத்ததுக்குப் பேரு போட்டோ. நீங்க எடுத்ததுக்குப் பேரு வேற. அதச் சொன்னா ஒங்க பிள்ளைக சாப்புடுற நேரத்துல அதுக காதுல விழும், அதனால சொல்லாமப் போறேன்."

ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்புவதற்கு முன்னால் இமானுவேல் மெதுவாகச் சொன்னார்: "விட்டுரு பூரணி. நம்ம ஊர்ல எவன் இன்டர்நெட் பாக்குறான்? யாருக்குத் தெரியப் போகுது?"

"யாருக்கும் தெரியாட்டி நான் செத்தவளாவே இருந்துக்கிறவா? ஒங்களையும் சேத்துத்தான் கொன்னு போட்டிருக்காக. ஒங்களுக்குக் கொஞ்சங்கூட உறைக்கலையா?"

கணக்கு வாத்தியார் இதுவரை தன் பக்கத்தைக் கணக்கில் சேர்க்கவே இல்லை போலிருக்கிறது. ஸ்கூட்டரை நேராகச் செக்காலை ரோட்டுக்கு விட்டார்.

கம்ப்யூட்டர் சென்டரில் சத்தியப்பிரியா அதற்குள் அந்தப் பக்கத்தைப் பிரித்து மேய்ந்து வைத்திருந்தாள். இவர்களைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அக்கா, ஒரு வேடிக்கை பாத்தீங்களா? இவுக படத்த எடுத்து அவுக இடத்துல வைக்கவே இல்ல. சோம்பேறித்தனம். படம் இன்னும் ஆன்றோ அண்ணன் பக்கத்துலதான் இருக்கு. இவுக பக்கத்தத் தெறக்கும்போதெல்லாம் அங்கன போய் எடுத்துக் காட்டுது."

"புரியுறாப்புல சொல்லு."

"படம் ஒங்க வீட்டுச் சுவத்துல தொங்குது. இவுக ஒங்க சுவத்தப் பாத்து ஒரு ஜன்னல் வச்சுக்கிட்டு, எங்க வீட்டுப் படம்னு ஊருக்குக் காட்டுறாக. அம்புட்டுத்தான். ஒங்க சுவத்துல என்ன இருக்கோ, அதுதான் அந்த ஜன்னல்ல தெரியும்."

ஆன்றோவுக்குப் போன் போட்டார்கள். விஷயத்தைக் கேட்டதும் அவன் துள்ளினான். "அப்ப ரொம்பச் சுலபம். இப்பவே படத்தத் தூக்கிர்றேன். அவங்க பக்கத்துல வெறும் கட்டந்தான் தெரியும்."

"தூக்காத."

"ஏங்க்கா?"

"அவுக திருடுனதுக்கு நம்ம ஏன்டா ஒளிச்சு வைக்கணும்? எம் மக படம் அது. நீ ஆசையாப் போட்டது. அது அங்கனதான் இருக்கும்." ஞானபூரணி மூச்சு வாங்கிக்கொண்டாள். "எவர்சில்வர் கடையில ஒரு அண்டா வாங்குனா, பேர் வெட்டாம வீட்டுக்குக் கொண்டாருவமா? பந்திக்குக் குடுத்தாலும் நம்ம அண்டா நமக்குத் திரும்பி வருதுல்ல? இதுலயும் பேர் வெட்டுடா."

"படத்து மேலயா? பாக்க நல்லா இருக்காதேக்கா."

"அண்டாவுல மட்டும் நல்லாவா இருக்கு? இங்கிலீஷ்ல எழுது. உருகி எழுதுறவுகளுக்குப் புரியணும்ல. நான் தமிழ்ல சொல்றேன். பிள்ளை மூஞ்சிய மறைக்காம, நெஞ்சுக்குக் குறுக்க, பெருசா எழுது." அவள் கண்ணை மூடிக்கொண்டு நிதானமாகச் சொன்னாள். "இந்தப் பிள்ளை பேரு ஜெசி. இவளுக்கு அம்மா இருக்கா. இந்தப் படத்த எடுத்தது அவதான். ஜெசி அவளத்தான் பாத்துக்கிட்டு நிக்கிறா."

மறுமுனையில் ஆன்றோ அதை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தான். அப்போது பின்னாலிருந்து இமானுவேல் செருமினார்.

"அப்பாவும் இருக்காருன்னு போடச் சொல்லு."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவருடைய காது மடல் சிவந்திருந்தது.

"போடச் சொல்லு பூரணி. உசுரோட இருக்கேன்ல?"

மறுநாள் மாலை மூன்று பேரும் ஒரே கம்ப்யூட்டரில் தலையை நுழைத்துக்கொண்டு அறக்கட்டளையின் பக்கத்தைத் திறந்தார்கள். கலைந்த தலைமுடி இறங்கியது, நெற்றி இறங்கியது, கண்கள் இறங்கின. அதற்குக் கீழே வெள்ளை எழுத்து ஒவ்வொரு வரியாக இறங்கியது. இவளுக்கு அம்மாவும் அப்பாவும் இருக்கிறார்கள் என்று பிள்ளையின் நெஞ்சில் இருந்தது. இவளைத் தேடிக்கொண்டு யாரும் வரமாட்டார்கள் என்று அதன் காலடியில் தேவா எழுதியதும் இருந்தது. சத்தியப்பிரியா கைதட்டிச் சிரித்தாள். ஞானபூரணிக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. வந்த அழுகையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "இன்னொரு வாட்டி தெற" என்றாள்.

தேவாவுக்குத் தன் பக்கத்தைத் தானே திறந்து பார்க்கும் வழக்கம் இல்லை. வெளிநாட்டிலிருந்து ஆளாளுக்கு என்ன இது என்று கேட்டு எழுதிய பிறகுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது. அடுத்த வாரம், காலைக் கூட்டம் நெரிகிற நேரத்தில், நேராகத் தபால் ஆபீஸுக்கு வந்துவிட்டார். கையில் அந்தப் பக்கத்தை அச்செடுத்த தாள் இருந்தது. ரிஜிஸ்தர் தபாலுக்கு நின்ற வரிசையை ஒதுக்கிக்கொண்டு கவுண்டருக்கு முன்னால் வந்தார்.

"எங்க பக்கத்துக்குள்ள பூந்து எழுதியிருக்கீகளே, இது நியாயமா?"

"ஒங்க பக்கத்துப் பக்கமே நாங்க வரல. எங்க வீட்டுப் படத்துல எங்க பேர எழுதிக்கிட்டோம். வரிசையில வாங்க."

"அம்மா, மானம் போகுது. பக்கம் போட்டுக் குடுத்த ஆளு மெட்ராஸ்ல இருக்கான், போன எடுக்க மாட்டேங்கிறான். ஒங்க தம்பி நெனச்சா ஒரு நிமிஷத்துல அழிச்சிருவாரு. அந்த எழுத்த மட்டும் அழிக்கச் சொல்லுங்க. ஒங்களக் கையெடுத்துக் கும்புடுறேன்."

ஞானபூரணி முத்திரைக் கட்டையைக் கீழே வைத்தாள். ஆபீஸே அவளைப் பார்த்தது.

"அழிக்கச் சொல்றேன். அதுல எந்த வரி பொய்யின்னு சொல்லுங்க, அந்த வரிய இப்பவே அழிக்கச் சொல்றேன். வாசிங்க."

தேவா தாளை மடித்துப் பைக்குள் வைக்கப் போனார்.

"இந்தப் பிள்ளை பேரு ஜெசின்னு இருக்கே, அது பொய்யா?"

"இல்ல."

"இவளுக்கு அம்மா இருக்காள்னு இருக்கே, அது?"

வரிசையில் நின்ற பெத்தன் கழுத்தை நீட்டினார். ஒக்கூரில் விவசாயம் பார்க்கிறவர், மகனுக்கு ஏதோ சர்டிபிகேட் அனுப்ப வந்திருந்தார். "யாருக்குத் தாயி இல்லங்கிறாரு?"

"எம் மகளுக்குங்கய்யா. நான் செத்துப் போயிட்டேனாம். உலகம் பூராம் எழுதிப் போட்டிருக்காரு."

"அட இவனே!" என்றார் பெத்தன். "நீ இங்கன குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கியே தாயி?"

வரிசை முழுக்கச் சிரித்தது. சிரித்து முடித்துவிட்டுத் தேவாவைப் பார்த்தது. அந்தப் பார்வையில் சிரிப்பு இல்லை.

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க சார். அது பொய்யா?"

"பொய் இல்லம்மா."

"பின்னாடி நிக்கிறவுகளுக்குக் கேக்கல."

தேவா தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "அந்தப் பிள்ளைக்கு அம்மா இருக்கு" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி.

"இருக்காள்ல? அப்ப அந்த எழுத்தும் இருக்கட்டும். நான் எடுத்த படம், நான் அழிக்க மாட்டேன். மெட்ராஸுக்கு பஸ் ஏறிப் போயி அந்த ஆளப் பிடிச்சு, நீங்க எடுத்தத நீங்க எடுங்க." ஞானபூரணி முத்திரைக் கட்டையைக் கையில் எடுத்தாள். "அடுத்து யாரு? பெத்தய்யா, கவரக் குடுங்க."