பொத்தான் வீட்டில் மாமியார்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதைக்கு என் கையில் இருக்கும் ஆதாரம், வேலியோரம் கேட்ட ஒரு பேச்சு மட்டும்தான். பர்பாங்கில் என் பக்கத்து வீட்டு மேபல், தன் மரத்து எலுமிச்சம்பழங்களை எனக்கு நீட்டிக்கொண்டே சொன்னது. இளவயதில் அவள் ஒரு கார்ட்டூன் ஸ்டுடியோவில் படங்களுக்கு மை போடும் பிரிவில் இருந்தவள்.

"அங்க ஒருத்தரு இருந்தாரு. எதுக்கெடுத்தாலும் பொத்தான் வச்ச வீடா வரைஞ்சு தள்ளுவாரு. அவரு வீட்ல பொண்டாட்டிக்கு மூச்சு விட்டதே ஒரு கட்டில்தான்."

"கட்டிலா?"

"கட்டில்தான். மாமியாக்காரி கூடவே இருந்து பாத்துக்கிட்டா. அவரு என்னடான்னா மாமியார் ஜோக்கு எழுதிச் சம்பளம் வாங்குனாரு. என்ன கூத்து பாத்தியா?"

அவர் பெயர் என்ன என்று கேட்டேன். மேபலுக்கு ஞாபகம் வரவில்லை. பேச்சு எலுமிச்சையில் விழுந்த பூச்சிக்குப் போய்விட்டது. ஆகவே பெயர்கள் நான் வைத்தவை. அவன் லெஸ்டர். மனைவி வெர்னா. மாமியார் ஹுல்டா, நெப்ராஸ்காவில் சோளக்காட்டை விட்டுவிட்டு ரயில் ஏறி வந்தவள். ஆண்டு 1951 என்று வைத்துக்கொள்வோம்.

2

தொடக்கத்தை மூன்று தடவை எழுதினேன்.

"எதிர்காலம் அன்று காலை ஒரு பொத்தானை அழுத்தியதும்"

விட்டுவிட்டேன். சோப்பு விளம்பரம் மாதிரி இருக்கிறது.

"வெர்னாவின் கால்கள் மெல்ல மேலே எழும்பியபோது லெஸ்டர்"

இதையும் விட்டுவிட்டேன். நீங்கள் வேறு எதையோ நினைத்துக்கொள்வீர்கள். தப்பு உங்கள் மேல் இல்லை.

நேராகவே போகலாம். லெஸ்டர் அப்போது 'பொத்தான் வீடு' என்ற குட்டிக் கார்ட்டூன் படத்துக்கு ஜோக்குகள் யோசித்துக்கொண்டிருந்தான். எதிர்காலத்தில் வரப்போகிற வீடு அது. ஒரு பொத்தானை அழுத்தினால் கணவனைக் குளிப்பாட்டி, துவட்டி, அவன் உள்ளே இருக்கும்போதே சட்டைக்கு இஸ்திரி போட்டு, மேசையில் உட்காரவைத்து வாயில் முட்டையை ஊட்டும். மனைவிக்குப் பொத்தான் அழுத்துவதைத் தவிர வேலையே கிடையாது. அழுத்தி அழுத்தி அவளுடைய ஆள்காட்டி விரல் மட்டும் பயில்வான் தொடை மாதிரி பருத்துவிடும்.

(அன்றைக்குத் தியேட்டரில் இதற்கு விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். இன்று எனக்கு உதட்டோரம்கூட அசையவில்லை. சுவர், கூரை, அடுப்பு எல்லாவற்றையும் மாற்றி யோசித்தவர்களுக்கு, அந்தப் பொத்தானைக் கணவனும் அழுத்தலாமே என்று தோன்றவில்லை. ஆனாலும் அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரமாட்டேன் என்கிறது. ஏனென்று பிறகு சொல்கிறேன்.)

ஸ்டுடியோவில் ஒரு வழக்கம் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் ஜோக்கு எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரே அறையில் கூடுவார்கள். எவன் எதைச் சொன்னாலும் அந்த ஒரு மணி நேரம் யாரும் 'வேண்டாம்' என்று சொல்லக் கூடாது. வளரும் யோசனையை முளையிலேயே கிள்ளிவிடக் கூடாதாம். படத்தை எடுக்கும் டட்லி அந்த வெள்ளிக்கிழமை நாற்காலி மேலேயே ஏறி நின்றுகொண்டான்.

"மாமியா கார் சத்தம் கேக்குது. உடனே வீடு என்ன பண்ணுது? அப்பிடியே பூமிக்குள்ள எறங்கிடுது! மேல வெறும் புல்லுத்தரை! கெழவி திருதிருன்னு முழிக்கிறா. எப்பிடி?"

லெஸ்டருக்கு 'வேண்டாம்' தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டான்.

"பிரமாதம்," என்றான்.

"அப்ப நீயே வரை. ஒனக்குத்தான் வீட்லயே ஆளு இருக்கே! பாத்து வரைய வேண்டியதுதான். கடைசியில மட்டும் ஒரு போடு போடணும், அதையும் நீயே யோசி. அடுத்த வெள்ளிக்கெழமை வேணும்."

* ஒரு குறிப்பு. நம் ஊரில் மாமியார் ஜோக்கு என்றால் மருமகள்தான் மாட்டிக்கொள்வாள். பெண்ணைப் பெற்றவளோ மாப்பிள்ளைக்கு நெய்யை ஊற்றிவிட்டு, போதுமா என்று வேறு கேட்பாள். அமெரிக்காவில் கதை தலைகீழ். மனைவியின் தாயார் பெட்டியோடு வந்து இறங்கினால் மாப்பிள்ளைக்குக் கிலி பிடிக்க வேண்டும், சிரிப்பு அங்கேதான். எனக்கு இது பிடிபடவே சில வருஷம் ஆயிற்று.

3

இனி வெர்னா.

போன வருஷக் கோடையில் இளம்பிள்ளை வாதம் அவளைப் பிடித்தது. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை, நெஞ்சும் அசையவில்லை. மாதக்கணக்கில் இரும்புக் கூட்டுக்குள் படுத்திருந்தாள். அது அவளுக்காக மூச்சு விட்டது. பிறகு வீட்டுக்கு ஆடும் கட்டில் வந்தது. அடியில் மோட்டார். கால்மாடு மேலே போனால் வயிறு நெஞ்சை அழுத்தி மூச்சு வெளியே போகும். கால்மாடு கீழே வந்தால் மூச்சு உள்ளே வரும். ராத்திரி பகல் என்று இல்லாமல் சீசா போல ஆடிக்கொண்டே இருக்கும்.

பேச்சு வருவதும் கால்மாடு மேலே போகும்போதுதான். பாதி வாக்கியத்தில் கட்டில் இறங்கிவிடும். மீதி வாக்கியம் அடுத்த ஏற்றத்துக்குக் காத்திருக்கும். (நான் இந்தக் கதையில் பாதியில் விட்ட வாக்கியங்களை அழிக்காமல் வைத்திருப்பதற்கு அவள்தான் காரணம். பாதி வாக்கியத்துக்கும் மரியாதை உண்டு என்று அவளை எழுதும்போது தெரிந்துகொண்டேன்.)

நோய் வருவதற்கு முன்பு லெஸ்டரின் ஒவ்வொரு ஜோக்கும் முதலில் வெர்னாவிடம்தான் போகும். அவள் மூக்கால் 'புர்ர்' என்று ஒரு சத்தம் போட்டுச் சிரிப்பாள். அந்தச் சத்தம் வந்தால் ஜோக்கு தேறிவிட்டது. இப்போது ஒரு வருஷமாக அந்தச் சத்தம் இல்லை. சிரிப்பு தொடங்கும், அதற்குள் கட்டில் இறங்கிவிடும், சிரிப்பு அறுந்து இருமலாகிவிடும். பிறகு அவள் சிரிக்க முயல்வதையே நிறுத்திவிட்டாள்.

அவளுக்கு எல்லாம் குறைந்துபோனது லெஸ்டருக்குப் பழகிவிட்டது. இந்தச் சத்தம் இல்லாதது மட்டும் பழகவில்லை. அது திரும்ப வர வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு ஆசை இல்லை. ஆனால் விரலை அசைக்க முடியாதவளிடம் பொத்தான் வீட்டைப் பற்றி எந்த முகத்தோடு சொல்வது? அதுவும் அவள் அம்மா பக்கத்தில் நிற்கும்போது? படங்கள் குத்திய பலகையை ஒரு பழைய போர்வையால் மூடி, சாப்பாட்டு அறைச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தான்.

4

ஹுல்டாவை எழுதுவதில்தான் எனக்குச் சிக்கல்.

முதல் வரைவில் அவள் தெய்வமாக இருந்தாள். மகளுக்கு ஊட்டினாள், துடைத்தாள், கண்ணீரை மறைத்தாள். படித்துப் பார்த்தேன். எனக்கே அலுத்தது. அந்த ஹுல்டாவைப் பார்த்து எந்த வீடும் பூமிக்குள் இறங்காது. இறங்கும்படி ஒருத்தி வேண்டும்.

இரண்டாவது ஹுல்டா லெஸ்டரின் சிகரெட்டுகளை மாவு டப்பாவுக்குள் ஒளித்துவைக்கிறாள். காப்பியில் முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டு, அப்படிப் போடாத காப்பி காப்பியே இல்லை என்கிறாள். கலிபோர்னியா ஆரஞ்சில் ருசியில்லை என்று தினமும் நாலு தின்றுவிட்டுச் சொல்கிறாள். மாப்பிள்ளை வேலைக்குப் போவதை இன்றுவரை 'பொம்மை போடப் போயிருக்காரு' என்றுதான் அண்டை வீட்டில் சொல்கிறாள். இவளை நம்ப முடிகிறது. இவள் இல்லாவிட்டால் அந்த வீட்டில் ஒரு பொழுது ஓடாது என்பதையும் இப்போது நம்ப முடிகிறது.

(அவள் அவனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருப்பாள். தமிழில் மாமியார் மருமகனை 'லெஸ்டர்' என்று கூப்பிட்டால் என் காது ஒப்பவில்லை. மாப்பிள்ளை ஆக்கிவிட்டேன்.)

5

வியாழக்கிழமை மதியம் பாலைவனத்திலிருந்து சூடான காற்று வீசியது. தெருவில் ஒரு மரக்கிளை மின்கம்பியில் விழுந்தது. ரேடியோ பாட்டுக்கு நடுவில் நின்றது. விசிறி நின்றது. வெர்னாவின் அறையிலிருந்து எப்போதும் கேட்கும் மோட்டார் சத்தமும் நின்றது.

கடைசி ஜோக்கு வராமல் வீட்டிலேயே முட்டிக்கொண்டிருந்த லெஸ்டர் ஓடினான். அவனுக்கு முன்பே ஹுல்டா அங்கே இருந்தாள், கையெல்லாம் மாவோடு. மருத்துவமனையில் சொல்லிக்கொடுத்தபடி கட்டிலை மோட்டாரோடு இணைக்கும் கொக்கியைக் கழற்றிவிட்டு, கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துத் தூக்கினாள்.

"அந்தப் பக்கம் பிடிங்க மாப்ள. நான் தூக்குறப்ப தூக்குங்க, எறக்குறப்ப எறக்குங்க. அவசரப்படாதீங்க."

தூக்கினார்கள், இறக்கினார்கள். வெர்னாவின் கண்கள் பயத்தில் அகன்றிருந்தன.

"ஏதாச்சும்..." என்றாள் வெர்னா. கால்மாடு இறங்கியது, ஏறியது. "...பேசு. என்ன படம்... எடுக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல. சும்மா ஒரு வீடு."

"பொய்யி..."

"சொல்லித் தொலைங்க மாப்ள," என்றாள் ஹுல்டா. "போர்வையப் போட்டு மூடிட்டா எனக்குத் தெரியாதாக்கும்? தூசி தட்டுறப்ப எல்லாத்தையும் பாத்துட்டேன். அந்தக் கெழவிக்கு என் மூக்க வேற ஒட்டி வச்சிருக்கீங்க."

லெஸ்டருக்கு ஓடிப்போக வேண்டும் போல இருந்தது. கம்பியை விட முடியாது. ஆகவே சொன்னான். பொத்தான்களைச் சொன்னான், பருத்த விரலைச் சொன்னான். மாமியாரின் கார் வருவதை, அவள் பக்கத்தில் நின்றுகொண்டே, அவளோடு சேர்ந்து தூக்கியபடி சொன்னான்.

"சத்தம் கேட்டதும் வீடு அப்பிடியே பூமிக்குள்ள எறங்கிடுது. மேல வெறும் புல்லு. அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க... மாமியா திருதிருன்னு நிக்கிறா. அவ்ளோதான். அதுக்கப்புறம் என்னன்னு எனக்குத் தெரியல."

அடுத்த ஏற்றத்தில் வெர்னா சொன்னாள்:

"நிக்கவா? எங்கம்மாவா..." இறங்கி, ஏறியது. "...மம்பட்டிய எடுத்துருவா."

"பின்ன?" என்றாள் ஹுல்டா மூச்சு வாங்கிக்கொண்டே. "அதையும் ஊர்லேர்ந்தே கொண்டாந்துருவேன். மாப்ள வீட்டு மம்பட்டிக்குக் காம்பு ஆடுது. தோண்டிக்கிட்டு நேரா அடுப்படித் தரை வழியா தலைய நீட்டி, 'இந்தத் தட்டெல்லாம் யாரு கழுவுறது?'ன்னு கேக்க மாட்டேன்?"

வெர்னாவின் மூக்கில் அது தொடங்கியது. 'புர்ர்'. லெஸ்டர் பழக்கத்தில் கம்பியை இறக்கப் போனான்.

"எறக்காதீங்க!" என்றாள் ஹுல்டா. "பிடிங்க. அவ சிரிக்கட்டும்."

மோட்டார் ஒரு நாளும் காத்திருந்ததில்லை. இந்தக் கைகள் காத்திருந்தன. சிரிப்பு முழுசாக, அறுபடாமல், கடைசிச் சொட்டுக் காற்றுவரைக்கும் வெளியே வந்தது. அதன் பிறகுதான் ஹுல்டா தலையசைத்தாள், இருவரும் மெதுவாக இறக்கினார்கள். வெர்னா மூச்சை இழுத்துக்கொண்டு, "இன்னொரு தடவை..." என்றாள்.

லெஸ்டர் அழுதான். மூக்கைத் துடைக்கக் கை இல்லை.

6

(மோட்டாரைத் திட்டிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். வீட்டுக்கு வந்தபின் அவள் உயிரோடு இருந்ததே அதனால்தான். அதைச் செய்தவன் முகம் தெரியாது, ஆனாலும் அவனுக்கு நன்றி. முட்டை ஊட்டும் எந்திரத்தை வரைந்தவர்களிடம் எனக்குக் கோபம் வராததும் இதனால்தான். யாரோ ஒருத்தர் கை ஓய்வெடுக்கட்டும் என்று அவர்களும் நினைத்தார்கள். யாருடைய கை என்பதில்தான் கோட்டைவிட்டார்கள்.)

இப்போது முடிவு.

முடிவு ஒன்று. வெள்ளிக்கிழமை லெஸ்டர் புதிய ஜோக்கைச் சொல்கிறான். மாமியார் தரையைப் பிளந்துகொண்டு வருகிறாள், பொத்தான்களைத் துணியால் மூடிவிட்டுக் காப்பி போடுகிறாள். டட்லிக்கு முகம் சுருங்குகிறது, ஆனால் யாரும் 'வேண்டாம்' சொல்லக் கூடாத மணி நேரம் அது. படம் அப்படியே வெளியாகிறது.

முடிவு இரண்டு. அந்த மணி நேரம் முடிந்ததும் டட்லி அதை வெட்டிவிடுகிறான். தியேட்டரில் வீடு இறங்கியதும் சனம் கைதட்டுகிறது. எல்லோரையும் விடச் சத்தமாக ஹுல்டா சிரிக்கிறாள், 'மீதி எனக்குத் தெரியும்' என்று பக்கத்து சீட்டுக்காரியிடம்

முடிவு மூன்று. இதில் பிறகு வெர்னாவுக்கு என்ன ஆயிற்று என்று வரும். எழுத உட்கார்ந்தேன். எழுந்துவிட்டேன்.

மேபலிடமே போய்க் கேட்டேன். "அந்தப் பொண்டாட்டி சிரிச்சாளா?"

"எனக்கெப்பிடிம்மா தெரியும்? நான் மைதான் போட்டேன்." பிறகு அவளே யோசித்துவிட்டுச் சொன்னாள்: "தரையப் பொத்துக்கிட்டு ஒரு கெழவி தலைய நீட்டுற படத்துக்கு மை போட்ட மாதிரி இருக்கு. இல்ல, நீ இவ்ளோ நேரம் சொன்னதுல எனக்கு அப்பிடித் தோணுதோ என்னவோ."

7

இதற்கு மேல் என்னால் முடியாது. முடிவை உங்களிடம் விடுகிறேன். ஆனால் படம் என்ன ஆயிற்று என்ற முடிவை அல்ல.

மின்சாரம் இன்னும் வரவில்லை. வெளியே காற்று அடிக்கிறது. ஹுல்டாவுக்குக் கை ஓய்ந்துவிட்டது, லெஸ்டர் முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டும். கால்மாட்டுக் கம்பியை இப்போது நீங்கள் பிடித்திருக்கிறீர்கள். வெர்னா மறுபடியும் அந்தக் கிழவியை நினைத்துக்கொண்டாள், மூக்கில் சத்தம் தொடங்கிவிட்டது. அவசரம் வேண்டாம். அவள் சிரித்து முடித்ததும் இறக்குங்கள்.