றஸாக் விதானையின் சமூசா அடுப்பு

நோன்பு திறக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது நாற்பது வீட்டிலும் கரண்ட் போனது. நோன்பு தொடங்கி அது ஆறாவது நாள். ஆறு நாளும் அதே நேரம்.

சுனாமியில் வீடிழந்தவர்களுக்குக் கல்முனைக்கு வெளியே கட்டிக்கொடுத்த வீடுகள் அவை. யுத்தம் முடிந்தும் மூன்று மாதம் ஆகிவிட்டது, மின்கம்பி மட்டும் வந்து சேரவில்லை. கூரைகளில் சோலர் தகடு, ஓர் அறை நிறைய பெட்டரி, இவ்வளவுதான். அவற்றுக்குப் பொறுப்பு, ஊரே காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் றஸாக். இறக்காமத்தில் வட்டை விதானையாக இருந்து வயல்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் விட்டவர். முறை தவறி வாய்க்காலை வெட்டியவன் சொந்த மச்சானானாலும் விடமாட்டார். "ஆறு மணி முதல் ஏழு மணி வரை லைட், ஃபேன் தவிர எதுவும் போடக்கூடாது" என்று பள்ளிவாசல் சுவரில் எழுதி ஒட்டியவர் அவர்தான். ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போய், மனைவி பாத்தும்மாவிடம் கரண்ட் அடுப்பில் சமூசா பொரிக்கச் சொன்னவரும் அவர்தான்.

பெட்டரி பழுதாகிவிட்டது என்று நினைத்து அன்று பாண்டிருப்பிலிருந்து கரண்ட் வேலை தெரிந்த நிரோசனை வரவழைத்திருந்தார். அவன் பெட்டரி அறையில் மீட்டரைப் பார்த்துச் சிரித்தான்.

"பெட்டரி நிறைஞ்சுதான் கிடக்கு காக்கா. எல்லாரும் ஒரே நேரத்தில இழுக்கிறாங்க, தாங்க ஏலாம சுவிட்ச் விழுது. அடுப்பு, அயன் எல்லாத்தையும் நிப்பாட்டாட்டி திருப்பிப் போட்டாலும் விழும்."

அப்போது அந்த வீடுகளில் ஒன்றிலிருந்து கமீலா மகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். நாலு வயது ஸைனம்புவுக்கு மூச்சிழுப்பு.

"காக்கா, புள்ளைக்கு மூச்செடுக்க ஏலாம கிடக்கு! ஆவி பிடிக்கிற மெஷினுக்குக் கரண்ட் வேணும். கெதியாப் போடுங்க!"

பேரீச்சம்பழத்தைக் கையில் பிடித்தபடி ஊர் கூடியது. றஸாக் குரலை உயர்த்தினார்.

"எல்லாரும் நோன்போட நிக்கிறீங்க. பொய் சொல்லப்படாது. ஆர் அடுப்புப் போட்டது?"

ஆளாளுக்குப் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார்கள். நிரோசன் அப்பாவியாகக் கேட்டான்.

"உங்கட வீட்டில காக்கா?"

றஸாக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாலைத் தொழுகைப் பாங்குக்கு இன்னும் இரண்டு நிமிடம். நோன்பு திறந்துவிட்டால் பதில் சொல்வது சுலபம் என்று மனம் கணக்குப் போட்டது. நோன்பு திறந்த பின் பொய் ஹலால் என்று எந்தக் கிதாபில் படித்தாரோ! தொண்டையைச் செருமினார். தொப்பியைச் சரிசெய்தார். வானத்தைப் பார்த்தார். கீழே, குழந்தையின் நெஞ்சுக்கூடு ஏறி ஏறி இறங்கியது. அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நான்தான்," என்றார். "ஊரே நிப்பாட்டியிரிக்கும், நம்மட ஒரு அடுப்பால என்ன வந்திரப் போகுது என்டு நினைச்சன்."

பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் றஊப் தலையைச் சொறிந்தார்.

"நானும் அப்படித்தான் நினைச்சன் காக்கா. அயன் பொக்ஸ் போட்டிரிந்தன்."

"நான் மிக்சி."

"எங்கட வீட்டில தேத்தண்ணிக் கேத்தல்."

எண்ணிப் பார்த்தால், நாற்பதில் முப்பத்தொரு வீட்டுக்கும் அதே நினைப்பு. விழுந்தடித்துக்கொண்டு ஓடி எல்லாவற்றையும் நிப்பாட்டினார்கள். நிரோசன் சுவிட்சைப் போட்டான். இந்த முறை விழவில்லை. பெட்டரி அறை வாசலிலேயே மெஷினைக் கொண்டுவந்து பொருத்தி, கமீலா மகளை மடியில் வைத்துக்கொண்டாள். றஊப் மூச்சு வாங்கிக்கொண்டே பாங்கு சொல்லி முடிக்கையில், ஸைனம்புவின் மூச்சு சீராகத் தொடங்கியிருந்தது. அதுவரை பேரீச்சம்பழத்தை வாயில் வைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

மறுநாள் பள்ளிவாசல் சுவரில் புதிய முறைப்பட்டியல் இருந்தது. பொரியல், அயன் எல்லாம் பகலில், வெயில் இருக்கும்போது. மாலையில் முதல் முறை ஸைனம்புவின் மெஷினுக்கு.

"மத்தவன் விட்டுக்குடுப்பான் என்டு ஆளாளுக்கு இழுத்தா, கடைசி வயல் காஞ்சுதான் போகும்," என்று றஸாக் எல்லார் முன்னாலும் சொன்னார். "விட்டுக்குடுக்கிறத நம்மட வீட்டில இருந்துதான் தொடங்கணும்."

அன்று நோன்பு திறக்கும்போது பாத்தும்மா பகலிலேயே பொரித்து வைத்த சமூசாத் தட்டை அவர் முன்னால் நகர்த்தினாள்.

"தொடங்குங்க. ஆறிப் போய்த்தான் கிடக்கு."